வெள்ளவத்தையிலிருந்து விண்ணேறுவோர்க்கு

1947ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 10ஆம் திகதி, 'சீதாதேவி' என்று பெயர் சூட்டப்பெற்ற டக்கோட்டா விமானம் ஒன்று இரத்மலானையிலிருந்து எழுந்து, காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குச் சென்றது. எயார் சிலோன் நிறுவனத்தின் முதற் சேவை அதுவேயாகும். அக்காலத்தில் வெள்ளவத்தைவாசிக்கு விமான நிலையம் என்பது காலி வீதியில் தெற்கே சிறிது தூரத்தில் இருந்த ஓர் அயலிடம். பெரிய ஜெட் விமானங்கள் வந்த பின்னர் இரத்மலானையின் ஓடுபாதை போதாததாயிற்று. உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப் படையினர் அமைத்த கட்டுநாயக்கத் தளம் 1957இல் இலங்கையின் கைக்கு வந்தது. கனடாவின் உதவியுடன் 1960களில் அங்கே சர்வதேச விமான நிலையம் எழுந்தது. கொழும்பிலிருந்து வடக்கே ஏறத்தாழ 32 கிலோமீற்றர் தூரத்தில் உள்ள அந்நிலையத்தின் வழியாகவே இன்று கடல் கடந்து செல்வோருள் மிகப் பெரும்பாலானோர் செல்கின்றனர்.

இந்த இடமாற்றத்தால் கொட்டாஞ்சேனைக்கு வந்தது இலாபம். வெள்ளவத்தைக்கு வந்தது நட்டம். 2013ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அதிவேக நெடுஞ்சாலை பேலியகொடையில் தொடங்குகிறது. ஜம்பட்டா வீதியிலிருந்து புறப்படுபவர் விரைவிலேயே அதனை எட்டிவிடுவார். வெள்ளவத்தையிலிருந்து வருபவரோ பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி என நகரத்தை ஊடறுத்து வந்தாக வேண்டும். நெடுஞ்சாலையில் மிச்சம் பிடித்த நேரத்தைக் காலி வீதி முன்னதாகவே விழுங்கியிருக்கும். ஆதலின், மாலை நேரத்தில் புறப்படும் வெள்ளவத்தைவாசி, கொட்டாஞ்சேனைவாசியை விட ஒரு மணி நேரமாவது முந்திக்கொள்வது நன்று.

இவ்விரு பகுதிகளிலுமிருந்து ஆகாய மார்க்கமாகச் செல்வோர் பலவகையினர். போர்க் காலத்தில் வடக்கிலிருந்து வந்து, இங்குள்ள விடுதி அறைகளில் விசாவுக்காகக் காத்திருந்து சென்றோர் பலர். அவர்கள் இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேணிலும் குடும்பமாகிவிட்டனர். இப்பொழுது செல்பவர்கள் அவர்களுடைய தாய்தந்தையர். எழுபது வயதில் முதன்முறையாக, அதுவும் தனியாக விமானம் ஏறும் ஒரு தாயாரை நினைத்துக்கொண்டால், பிரயாணத்தின் சிக்கல்கள் யாவும் தெளிவாகும். அவர் அஞ்சுவது உயரத்துக்கு அன்று. எந்த மண்டபத்தில் எதனைக் கேட்பார்கள், எங்கே நிற்க வேண்டும் என்று தெரியாமைக்கே அஞ்சுகின்றார். ஆனால் விமான நிலையத்தில் நேரும் இடர்களுட் பல, உண்மையில் விமான நிலையத்தில் உண்டாவனவல்ல. பல வாரங்களுக்கு முன்னரே வீட்டில் உண்டானவை. அங்கே வெளிப்படுகின்றன, அவ்வளவுதான்.

அவற்றுள் தலையாயது பெயர். மேல்நாட்டார் தம் பெயரை முன்னும் குடும்பப் பெயரைப் பின்னும் எழுதுவர். ஈழத்துத் தமிழரோ தந்தை பெயரை முன் வைத்துத் தம் பெயரைப் பின் வைப்பர். குடும்பப் பெயர் என்று ஒன்று வழிவழியாக இருப்பதில்லை. தந்தை பெயர் கந்தையா, தன் பெயர் பரமேஸ்வரி என்று கொள்வோம். மணமான பின் சில பத்திரங்களில் கணவன் பெயரும் வந்து சேரும். கடவுச்சீட்டில் எது குடும்பப் பெயராகவும் எவை ஏனைய பெயர்களாகவும் பதியப்பட்டுள்ளனவோ, அவையே பிரயாணச் சீட்டிலும் எழுத்துப் பிசகாமல் இருத்தல் வேண்டும். வெளிநாட்டிலுள்ள மகன், அம்மாவின் பெயர் தனக்குத் தெரியாதா என்ற நம்பிக்கையில், நினைவிலிருந்து எழுதிச் சீட்டை வாங்கிவிடுகின்றான். கடவுச்சீட்டில் 'பரமேஸ்வரி' என்பதற்கு ஆங்கிலத்தில் ஓர் 'எச்' இருக்கும், சீட்டில் இராது. சிறிய பிழைதானே என்று வீட்டார் எண்ணலாம். அதனைச் சிறிதாகக் கொள்வதும் பெரிதாகக் கொள்வதும் அங்கே நிற்கும் உத்தியோகத்தரின் விருப்பம்; நள்ளிரவில் அவருடன் வாதாடிப் பயனில்லை. கடவுச்சீட்டின் படப் பக்கத்தைப் படம்பிடித்து மகனுக்கு அனுப்பி, அதனைப் பார்த்தே எழுதச் செய்வது ஒரு நிமிட வேலை. சீட்டு வந்ததும் பிழை காணப்பட்டால் அன்றே அறிவித்தல் வேண்டும். நாட்கள் செல்லச் செல்லத் திருத்தமும் கடினமாகும், கட்டணமும் கூடும். கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதங்களுக்குச் செல்லுபடியாகுமா என்பதையும் அவ்வேளையிலேயே பார்த்துவிடலாம். பல நாடுகள் அதனைக் கட்டாயமாகக் கேட்கின்றன.

அடுத்தது திகதி. கட்டுநாயக்காவிலிருந்து வளைகுடா நகரங்களுக்குப் புறப்படும் விமானங்கள் பல நள்ளிரவிலும் விடியற்புறத்திலும் எழுவன. சீட்டில் செவ்வாய்க்கிழமை அதிகாலை 3 மணி என்று இருந்தால், வீட்டை விட்டுப் புறப்பட வேண்டியது திங்கள் இரவு. தமிழ் வழக்கில் பொழுது விடிந்தாலன்றி மறுநாள் பிறப்பதில்லை. விமானக் கணக்கிலோ நள்ளிரவு கடந்தவுடன் மறுநாள் பிறந்துவிடுகின்றது. செவ்வாய் இரவு பெட்டியுடன் வந்து நின்று, விமானம் முந்திய இரவே போய்விட்டதென அறிந்து திகைத்த குடும்பங்கள் உண்டு. நாட்காட்டியில் விமானம் எழும் நாளை அன்று, வீட்டை விட்டு இறங்கும் நாளையே வட்டமிட்டு வைத்தல் நலம்.

இனிப் பெட்டி. பிள்ளைகளுக்கு என்று எதனைக் கட்டாமல் விடுவது? வறுத்த மிளகாய்த்தூள், ஒடியல்மா, கருவாடு, பருத்தித்துறை வடை, நல்லெண்ணெய் என்று பட்டியல் நீளும். இவற்றுட் பெரும்பாலானவை சரக்கறைக்குச் செல்லும் பெரிய பெட்டிக்கு உரியவை. 2006ஆம் ஆண்டு இலண்டனில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு சதியின் பின்னர், கைப்பையில் எடுத்துச் செல்லும் நீர்ப்பொருள் ஒவ்வொன்றும் 100 மில்லிலீற்றருக்கு மேற்படாத கொள்கலத்தில் இருக்க வேண்டும் என்ற விதி உலகெங்கும் பரவியது. அண்மையில் சில விமான நிலையங்கள் அதனைத் தளர்த்தியுள்ளன. ஆயினும் வழியிலுள்ள நிலையங்களுள் மிகக் கடுமையானது எதுவோ, அதன் விதியையே பிரயாணி பின்பற்ற வேண்டியிருக்கும். ஊறுகாயும் சட்னியும் நெய்யும்கூட நீர்ப்பொருள் என்றே கணிக்கப்படும். தூள்களுக்கும் அமெரிக்கா செல்லும் விமானங்களில் 2018 முதல் 350 மில்லிலீற்றர் என்ற எல்லை உண்டு; ஆகவே கறித்தூளும் பெரிய பெட்டியிலேயே இருக்கட்டும்.

தேங்காய் ஒரு விசித்திரமான பொருள். உலர்ந்த கொப்பரா தானாகவே வெப்பமேறித் தீப்பற்றக்கூடியது என்பதால், ஆகாயப் போக்குவரத்து விதிகளில் அபாயப் பொருட்களின் வரிசையில் அதற்கும் ஓர் இடம் உண்டு. கொழும்பில் எந்தச் சமையலறையிலும் சாதுவாகக் கிடக்கும் தேங்காய்க்கு இத்தகைய பெயர் இருப்பது பலருக்கு வியப்பாக இருக்கும். கைத்தொலைபேசிக்கு மின்னேற்றும் தனி மின்கலத்தைப் பெரிய பெட்டியில் வைத்தல் ஆகாது. அது கைப்பையில் உடன் வரவேண்டும். சரக்கறையில் தீப்பற்றினால் அணைப்பாரில்லை. ஆசனங்கள் உள்ள பகுதியில் எனின் பணியாளர் உடனே அணைப்பர்.

மருந்துகளும் கைப்பைக்கே உரியன. பெரிய பெட்டி ஒரு நாள் பிந்தி வந்தால் இரத்த அழுத்தம் அதற்காகக் காத்திராது. இன்சுலின் சரக்கறையின் குளிரில் உறைந்து கெட்டுப்போகலாம். மருந்துகளை அவற்றின் சொந்த உறைகளிலேயே வைத்து, மருத்துவரின் ஆங்கிலக் கடிதம் ஒன்றையும் இணைத்துக்கொள்ள வேண்டும்.

அவுஸ்திரேலியா செல்வோர் ஒன்றைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். அந்நாடு தன் பயிர்களையும் கால்நடைகளையும் காக்கும் பொருட்டு உணவு, விதை, இலை, மரப்பொருள் யாவற்றையும் சோதிக்கின்றது. விமானத்தில் தரப்படும் பத்திரத்தில் உணவுப் பொருள் உண்டு என்று எழுதினால், நேரக்கூடியது அதிகபட்சம் அப்பொருளை இழப்பதே. இல்லை என்று எழுதிவிட்டு, பெட்டிக்குள் பச்சைக் கறிவேப்பிலை அகப்பட்டால், தண்டப்பணம் கட்ட நேரும். சந்தேகமானால் 'ஆம்' என்று எழுதுவதே புத்தி.

பெட்டியைப் பற்றிக் கூறும்போது மற்றவர் பொதியைப் பற்றியும் கூறாமல் இருக்க முடியாது. ஒருவர் வெளிநாடு செல்கின்றார் என்ற செய்தி தொடர்மாடியில் பரவியதும், "இதை எங்கட பிள்ளையிட்டக் குடுத்துவிடுங்கோ" என்று ஒரு பொதி வந்து சேரும். மறுத்தால் மனத்தாங்கல். ஆனால் பெட்டியைத் தாமே அடுக்கினாரா, பிறர் தந்த பொருள் எதுவும் உண்டா என்று விமான நிலையத்தில் கேட்கப்படும்; பெட்டிக்குள் இருப்பது எதுவாயினும் அதற்குப் பொறுப்பு அதனைக் கொண்டு செல்பவருடையதே. சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேற்பட்ட ஹெரோயின் கடத்தலுக்கு மரண தண்டனை விதிக்கப்படும் என்பதை எண்ணினால், தைத்து ஒட்டிய பொதியை வாங்கிக்கொள்வது எவ்வளவு பெரிய ஆபத்து என்பது விளங்கும். திறந்து காட்டித் தருபவரிடமே வாங்க வேண்டும். திறக்க மனமில்லாதவரின் மனத்தாங்கலைத் தாங்கிக்கொள்ளலாம்.

கட்டுநாயக்காவில் நிகழும் ஒழுங்கு சிக்கலானதன்று. மண்டப வாயிலிலேயே பெட்டிகள் ஊடுகதிர்க் கருவியினுள் செலுத்தப்படும். பின்னர் விமான நிறுவனத்தின் கருமபீடத்தில் பெட்டியை நிறுத்துக் கொடுத்து, ஏறுவதற்கான அட்டையைப் பெறவேண்டும். புறப்பாட்டுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு முன்னரே இப்பீடத்தைப் பெரும்பாலான நிறுவனங்கள் மூடிவிடுவதால், மூன்று மணி நேரம் முன்னதாக வருவது வீண் அவசரமன்று. அதன்பின் குடியகல்வு உத்தியோகத்தர் கடவுச்சீட்டில் முத்திரையிடுவார். விமான வாயிலுக்குச் செல்லுமுன் மீண்டும் ஒரு சோதனை. வாயிலின் இலக்கம் அட்டையில் இருப்பினும் அது மாறக்கூடும். திரையில் ஒருமுறை பார்த்துக்கொள்வது பாதுகாப்பு.

கருமபீடத்தில் பெட்டிக்கு ஒட்டும் சீட்டில் மூன்று ஆங்கில எழுத்துகள் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். அவை சேருமிடத்தின் குறி. இலண்டன் ஹீத்ரோவுக்கு எல்.எச்.ஆர்.; ரொறன்ரோவுக்கு வை.வை.இசட். அவ்வெழுத்துகளை மகனோ மகளோ முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தால், ஆங்கிலம் அறியாத தாயாரும் தம் பெட்டி சரியான ஊருக்குத்தான் போகின்றது என்பதைத் தாமே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார். அப்படியாயின் இடைவழி நகரத்தில் பெட்டியைத் தேட வேண்டியதில்லை.

நடக்க இயலாதோர்க்கு மட்டுமே சக்கர நாற்காலி என்ற எண்ணம் பல முதியோரிடம் உண்டு. அதனால் வெட்கப்பட்டு மறுக்கின்றனர். இது தவறான எண்ணம். இந்த உதவி மூன்று தரங்களில் வகுக்கப்பட்டுள்ளது: படியேறக்கூடியவர்க்கு நீண்ட நடைபாதையைக் கடக்க மட்டும் ஒன்று, படியேற இயலாதவர்க்கு ஒன்று, ஆசனம் வரை கொண்டுபோய் விடவேண்டியவர்க்கு ஒன்று. முதலாவது, தனியாகச் செல்லும் முதியவருக்கு வழிகாட்டியாகவே பயன்படுகின்றது. தோகா, துபாய் போன்ற மிகப் பெரிய நிலையங்களில் ஒரு விமானத்திலிருந்து மற்றொன்றுக்கு அவரைக் கொண்டுபோய் ஒப்படைப்பவர் அந்தத் தள்ளுபவரே. இதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் 48 மணி நேரத்துக்கு முன்னரேனும் நிறுவனத்துக்கு அறிவித்திருத்தல் வேண்டும்.

விமானம் 35,000 அடி உயரத்தில் பறந்தாலும், உள்ளே இருக்கும் காற்று ஆறாயிரம் முதல் எண்ணாயிரம் அடி உயரத்துக்குரிய அளவில் அழுத்தி வைக்கப்படுகின்றது. நுவரெலியாவில் அல்லது அதற்குச் சற்று மேலே ஹோட்டன் சமவெளியில் இருப்பது போன்ற நிலை அது. இருதய நோயும் சுவாச நோயும் உள்ளவர் மருத்துவரைக் கேட்டுச் செல்லவேண்டிய காரணம் இதுவே. அழுத்தம் மாறும்போது காது அடைக்கும். ஏறும்போதிலும் இறங்கும்போதே அது மிகும். தொண்டையையும் நடுச்செவியையும் இணைக்கும் குழாய், விழுங்கும்போது திறந்து அழுத்தத்தைச் சமன் செய்வதால், ஓர் இனிப்பை வாயில் இட்டுக்கொண்டால் போதும். குழந்தைக்கு அவ்வேளை பால் கொடுக்கலாம். உட்காற்று மிக உலர்ந்தது. அடிக்கடி தண்ணீர் அருந்த வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பிரயாணத்தில் கால் மடக்கி அசையாதிருந்தால் நாளத்தில் இரத்தம் உறையக்கூடும். இடையிடையே எழுந்து நடப்பதும், இருந்தபடியே கணுக்காலைச் சுழற்றுவதும் அதற்குப் பரிகாரம்.

சேருமிடத்துக் குடிவரவு உத்தியோகத்தர் கேட்பவை பெரும்பாலும் சிலவே: எதற்காக வந்தீர், எங்கே தங்குவீர், எப்போது திரும்புவீர். பிள்ளையின் முகவரியும் தொலைபேசி இலக்கமும் தாளில் எழுதப்பட்டுக் கையில் இருக்கட்டும். கைத்தொலைபேசியில் மட்டும் இருந்தால், மின்கலம் இறங்கிய வேளையில் அது உதவாது. கேள்வி விளங்காவிடில், விளங்கியதாகத் தலையாட்டுவதே ஆபத்து. "தமிழ்" என்று ஒரு சொல் சொல்லி மொழிபெயர்ப்பாளரைக் கேட்பதில் இழிவு ஒன்றும் இல்லை.

பெட்டி வராவிட்டால், அந்த மண்டபத்தை விட்டு வெளியேறுமுன்னரே விமான நிறுவனத்தின் பொதிப் பீடத்தில் எழுத்து மூலம் முறையிட்டு, பதிவிலக்கத்தைப் பெறவேண்டும். 1999ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையின்படி, பெட்டி சேதமுற்றிருந்தால் அதனைப் பெற்ற 7 நாட்களுக்குள்ளும், தாமதித்து வந்திருந்தால் கைக்கு வந்த 21 நாட்களுக்குள்ளும் எழுத்தில் முறையிட வேண்டும். அதற்குச் சான்றாவது, கொழும்பில் ஏறும்போது அட்டையின் பின்புறம் ஒட்டித் தந்த சிறு துண்டுச் சீட்டு. பெட்டி வீட்டுக்கு வந்து, திறந்து பார்க்கும் வரை அதனை எறிந்துவிடக் கூடாது.