லேப்டாப் பூட் ஆகலையா? ரிப்பேர் அப்புறம், காப்பி முதல்ல

இந்த எபிசோட் சாகப்போற ஹார்ட் டிஸ்க் பத்தி. லேப்டாப் ஆன் ஆகுது, விண்டோஸ் லோகோ வருது, கீழ புள்ளிங்க சுத்திக்கிட்டே இருக்கு, அரை மணி நேரம் ஆனாலும் உள்ள போக மாட்டேங்குது. உடனே நம்ம கை எங்க போகும்? ஒண்ணு, ஸ்டார்ட்அப் ரிப்பேரை அழுத்துவோம். இல்லன்னா கடையில கொண்டுபோய் "ஓஎஸ் போட்டுக் குடுங்க"ன்னு நீட்டுவோம். ரெண்டுமே லேப்டாப்பை ஓட வைக்கிற வழிகள். உள்ள இருக்கிற உங்க ஃபைல்களைக் காப்பாத்துற வழி இல்ல.

போன வருஷம் சங்கரன்கோவில்லேருந்து மாமா போன் பண்ணினார். அவருக்கு விசைத்தறி. நூல் கடை பாக்கி, தறி ஓட்டுறவங்களுக்குக் குடுத்த அட்வான்ஸ், நாலு வருஷத்து ஜிஎஸ்டி பில், எல்லாமே 320 ஜிபி டிஸ்க் இருக்கிற ஒரு பழைய லேப்டாப்புல. வேற எங்கயும் ஒரு காப்பி கிடையாது. "மருமவனே, கடைக்காரரு ஃபார்மட் அடிச்சா சரியாயிரும்னு சொல்லுதாரு. குடுத்துரட்டுமா?"

"வேண்டாம் மாமா. ஆஃப் பண்ணி வைங்க. நான் வர்ற வரைக்கும் யாரும் ஆன் பண்ண வேண்டாம்."

இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, கடைக்காரர் சொன்னது பொய் இல்ல. ஃபார்மட் பண்ணினா அந்த டிஸ்க் கொஞ்ச நாளைக்கு நிஜமாவே ஓடும். ஏன்னு புரிஞ்சுக்கிட்டா மீதி எல்லாம் தானா புரியும்.

லேப்டாப் ஹார்ட் டிஸ்க் உள்ள ஒரு தட்டு, பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5400 சுத்து. அதுக்கு மேல சில நானோமீட்டர் இடைவெளியில படிக்கிற தலை மிதந்துக்கிட்டே இருக்கும். நம்ம தலைமுடியோட தடிமன் பல பத்தாயிரம் நானோமீட்டர், அப்போ பாத்துக்கோங்க. தட்டுல டேட்டா செக்டார் செக்டாரா பிரிஞ்சு இருக்கு. ஒரு செக்டாரைப் படிக்க முடியலைன்னா டிஸ்க் உடனே கைவிடாது. திரும்பத் திரும்ப முயற்சி பண்ணும். அந்த நேரம் முழுக்க விண்டோஸ் காத்துக்கிட்டு நிக்கும். அந்தப் புள்ளிங்க சுத்துறது இதனாலதான். கடைசி வரைக்கும் படிக்க முடியலைன்னா, டிஸ்க் அந்த செக்டாரை 'நிலுவை' பட்டியல்ல போட்டு வைக்கும். அடுத்த தடவை அங்க ஏதாவது *எழுத* வரும்போது, அந்த இடம் நிஜமாவே கெட்டிருந்தா அதை ஒதுக்கிட்டு உபரியா வெச்சிருக்கிற நல்ல இடத்துல எழுதிக்கும்.

கவனிங்க, எழுதும்போது. அதாவது பழைய டேட்டா இருந்த இடத்துக்குப் புது டேட்டா வந்தாத்தான் டிஸ்க் 'குணமாகும்'. புது ஓஎஸ் போட்டா எழுதுற இடமெல்லாம் இப்படிக் குணமாகும். எழுதின இடத்துல இருந்த மாமாவோட கணக்கும் போயிடும். செக்டிஸ்க் இவ்வளவு மோசமில்ல, ஆனா அதுவும் ஆபத்துதான். கெட்ட இடங்களைப் போட்டுக் குடைஞ்சு, அரை உயிர்ல இருக்கிற தலையை மணிக்கணக்கா வேலை வாங்கும். படிக்க முடியாத ஃபைல் பதிவுகளை வெட்டி எறிஞ்சுட்டு "சரி பண்ணிட்டேன்"னு சொல்லும்.

சரி, டிஸ்க்தான் பிரச்சனைன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? முதல்ல காதைக் குடுங்க. 'டிக்... டிக்... டிக்...'னு ஒரே தாளத்துல சத்தம் வந்தா, தலை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாம முட்டுதுன்னு அர்த்தம். அங்கேயே நிறுத்திடுங்க. அது டேட்டா ரெக்கவரி லேப் வேலை, நம்ம வேலை இல்ல. ஃப்ரீசர்ல வைக்கிறது, ஸ்க்ரூ கழட்டி மூடியைத் திறந்து பாக்கிறது, இதெல்லாம் வீடியோவுல நல்லா இருக்கும். உள்ள ஒரு தூசி விழுந்தாலே அந்தத் தலைக்குப் பாறை மாதிரி.

சத்தம் இல்லையா? பயாஸ் உள்ள போய் டிஸ்க் பேர் தெரியுதான்னு பாருங்க. பேரே வரலைன்னா ஆஃப் பண்ணி, பேட்டரியைக் கழட்டி, டிஸ்க்கை ஒரு தடவை பிடுங்கிச் சொருகிப் பாக்கலாம். பேர் வருதுன்னா, லினக்ஸ் இருக்கிற ஒரு பென் டிரைவ்ல பூட் பண்ணுங்க. உபுண்டுல 'டிஸ்க்ஸ்'னு ஒரு ஆப் இருக்கு. அதுல ஸ்மார்ட் விவரம் பாக்கலாம். ஸ்மார்ட்ங்கிறது டிஸ்க் தன்னைப் பத்தித் தானே எழுதி வெச்சுக்கிற டைரி. நாலு வரிதான் நமக்கு முக்கியம். 5-ங்கிறது ஏற்கெனவே மாத்தி வெச்ச செக்டார். 197, நான் சொன்ன நிலுவை. 198, படிக்கவே முடியாதுன்னு முடிவு பண்ணினது. 199 ஏறியிருந்தா கேபிளையோ கனெக்டரையோ சந்தேகப்படணும். மாமாவோட டிஸ்க்ல 197 நூத்தைத் தாண்டியிருந்தது, 199 பூஜ்யம்.

அந்த டைரியை முழுசா நம்பிடவும் கூடாது. கூகுள் 2007-ல ஒரு லட்சத்துக்கும் மேல டிஸ்க்குகளை வெச்சு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. செத்த டிஸ்க்குகள்ல பாதிக்கு மேல, முக்கியமான நாலு ஸ்மார்ட் எண்கள்ல ஒண்ணுலகூட எச்சரிக்கை காட்டாமலேதான் செத்திருக்கு. ஆனா முதல் ஸ்கேன் எரர் வந்த டிஸ்க், அடுத்த 60 நாள்ல சாகிற வாய்ப்பு மத்த டிஸ்க்கைவிட 39 மடங்கு. அதனால எண் நல்லா இருந்தா நிம்மதியாகாதீங்க. கெட்டிருந்தா உடனே நம்பிடுங்க.

இப்போ காப்பி. ஃபைல் மேனேஜர்ல அந்த டிஸ்க்கை கிளிக் பண்ணித் திறக்காதீங்க, சாதாரண காப்பி பேஸ்ட்டும் வேண்டாம். முதல் கெட்ட இடத்துலயே அது மாட்டிக்கும். இதுக்குன்னே இருக்கிறது டிடிரெஸ்க்யூ. இலவசம். உபுண்டுல பேக்கேஜ் பேர் முன்னாடி ஒரு 'ஜி' சேர்ந்திருக்கும். இதோட புத்திசாலித்தனம், எங்க சுலபமா படிக்க முடியுதோ அதை முதல்ல அள்ளிக்கும். கெட்ட இடம் வந்தா தாண்டிக் குதிச்சுடும். நல்லதெல்லாம் கைக்கு வந்த பிறகுதான் திரும்பி வந்து ஓரங்களைச் சுரண்டும். எதை எடுத்தோம், எதை விட்டோம்னு ஒரு மேப் ஃபைல்ல குறிச்சுக்கிட்டே போகும். அந்த ஃபைல் பேரைக் குடுக்க மறந்துடாதீங்க. அது இருந்தா நடுவுல நின்னாலும் விட்ட இடத்துலேருந்து தொடரலாம்.

எங்களுக்கு அது உடனே தேவைப்பட்டது. பழைய லேப்டாப்னா பேட்டரி எப்பவோ செத்திருக்கும். அப்போ அது யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப் மாதிரிதான், கரண்ட் போனா பொட்டுனு அணைஞ்சிடும். அன்னிக்கு மாதாந்திர பராமரிப்புக்காக காலையில 9 மணிக்குக் கரண்ட் போச்சு. மத்தியானம் வந்ததும் அதே கமாண்டை மறுபடி கொடுத்தேன், விட்ட இடத்துலேருந்து ஓட ஆரம்பிச்சது.

ஒரே ஒரு பெரிய ஆபத்து: கமாண்ட்ல முதல்ல வர்றது பழைய டிஸ்க், அடுத்தது காப்பி போக வேண்டிய இடம். மாத்திக் குடுத்தா காலி டிஸ்க்கை எடுத்து உங்க டேட்டா மேல எழுதிடும். டிஸ்க்கோட மாடல் பேரையும் சைஸையும் பாத்து, சத்தமா ஒரு தடவை படிச்சுட்டு என்டர் தட்டுங்க. முதல் ரவுண்டுக்கு 'என்' ஆப்ஷன், அது சுரண்டுற வேலையைத் தள்ளி வைக்கும். காப்பி போற எக்ஸ்டர்னல் டிஸ்க் பழசைவிடப் பெருசா இருக்கணும்.

நேரம் எடுக்கும். யூஎஸ்பி 2.0 போர்ட்டுல நொடிக்கு 30 எம்பின்னு வெச்சாகூட, நல்ல நிலையில இருக்கிற 320 ஜிபிக்கே மூணு மணி நேரம். இது அன்னிக்கு ராத்திரியும் தாண்டி ஓடிச்சு. பக்கத்துல உக்காந்து மாமா பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை "எம்புட்டு வந்திருக்கு?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தார்.

கடைசியில சில எம்பி மட்டும் வரல. டிஸ்க்கை ஓரமா வெச்சுட்டு, காப்பியை ரீட் ஒன்லியா மவுண்ட் பண்ணிப் பாத்தோம். கணக்கு ஃபைல் திறந்தது. ஒரு கல்யாண ஆல்பத்துல ரெண்டு போட்டோ மட்டும் பாதிக்குக் கீழ சாம்பல் நிறம். "அது போனாப் போவுது, அந்தப் போட்டோல நான் நல்லாவே இல்ல"ன்னுட்டார். செக்டிஸ்க் ஓட்டணும்னா இப்போ ஓட்டலாம், இந்தக் காப்பியோட இன்னொரு காப்பி மேல.

லேப்டாப் வெச்சிருந்த மேஜை தறி ஷெட்டுக்குள்ளயே இருந்தது. அதிர்வு டிஸ்க்குக்கு ஆகவே ஆகாது. பிரெண்டன் கிரெக்னு ஒரு இன்ஜினியர், 2008 கடைசியில வந்த ஒரு வீடியோவுல, டேட்டா சென்டர்ல டிஸ்க்குகளைப் பாத்துக் கத்துவார். கத்தின அந்த நொடியில டிஸ்க் பதில் சொல்ற நேரம் எகிறும். மனுஷன் கத்தினதுக்கே அப்படின்னா, தறி சத்தத்துக்குக் கேக்கணுமா. மேஜையை வீட்டுக்குள்ள மாத்திட்டோம். பழைய லேப்டாப்புக்கு 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி அப்படியே பொருந்திச்சு. அதுக்கு அதிர்வு பெரிய விஷயமே இல்ல.

ஆனா எஸ்எஸ்டி சாகும்போது சத்தம் எதுவும் போடாது. நேத்து வரைக்கும் இருக்கும், இன்னிக்குப் பயாஸ்ல பேரே இருக்காது. புது லேப்டாப் வெச்சிருக்கிறவங்க இன்னொண்ணும் பாருங்க: நிறைய மெஷின்ல விண்டோஸ் தானாவே பிட்லாக்கர் பூட்டு போட்டிருக்கும். ரெக்கவரி கீ இல்லாம முழு டிஸ்க்கையும் காப்பி எடுத்தாலும் திறக்க முடியாது. பெரும்பாலும் அந்த கீ உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல இருக்கும். லேப்டாப் நல்லா ஓடுற இன்னிக்கே உள்ள போய்ப் பாத்து, பேப்பர்ல எழுதி வெச்சுக்கோங்க.