இடக்கரடக்கலும் இளங்குழந்தையும்

அவையிலே சொல்லத்தகாத ஒன்றை மறைத்து வேறு சொல்லாற் சொல்லுதல் இடக்கரடக்கல் எனப்படும். தொல்காப்பியர் அத்தகாத சொல்லை அவையல்கிளவி என்பர். நன்னூலார் இவ்வழக்கைத் தகுதி வழக்கு மூன்றனுள் ஒன்றாக வைப்பர். மலங்கழித்து வந்தவன் 'கால் கழுவி வந்தேன்' என்பது, இலக்கணம் கற்றார் யாவரும் மனனஞ் செய்த உதாரணம். சான்றோர் அவைக்கு இது அழகேயாம்.

ஆனால், இரண்டு வயதுக் குழந்தை சான்றோர் அவையில் இருப்பதன்று. அதற்கு வயிறு முட்டுகின்றது. அதைச் சொல்ல ஒரு சொல் வேண்டும். சொல்லைக் கொடாமல் அடக்கத்தை மாத்திரம் நாம் கொடுக்கின்றோம். மலசலம் கழிக்கப் பழக்குதலில் நேரும் இடர்களுட் பல இவ்விடத்திலேதான் முளைக்கின்றன.

தமிழ்ப் புலவர்கள் குழந்தையைப் பாடாது விட்டாரல்லர். உண்கலத்துச் சோற்றைத் துழாவி உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் புதல்வரைப் பாண்டியன் அறிவுடைநம்பி புறநானூற்றிலே வியந்து பாடினான். பாட்டியலார் மூன்றாந் திங்கள் முதல் இருபத்தோராந் திங்கள் ஈறாகப் பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவம் வகுத்தனர். பத்தும் முடிகின்ற அந்த வயதிலேதான் நாம் கூறப்போகும் பருவம் தொடங்குகின்றது. புலவன் ஏட்டைக் கட்டிய இடத்திலே தாயின் வேலை ஆரம்பமாகின்றது.

ஊரிலே நம் பாட்டிமார் இதனை எவ்வாறு செய்தனர்? காலை நீட்டியிருந்து, இரு கணைக்கால்களின் மேலும் குழந்தையை இருத்தி, வாயால் ஓர் ஒலி எழுப்புவர். நாளடைவிலே அவ்வொலியும் அவ்விருப்பும் குழந்தைக்குக் குறிப்பாகிவிடும். கிழக்காபிரிக்காவின் டிகோ மக்கள் இத்தகைய முறையாலே ஐந்தாறு மாதத்திற் குழந்தையைப் பழக்குகின்றனர் என்று 1977 இல் வெளிவந்த ஓர் ஆய்வு கூறுகின்றது.

இதற்கு மாறாக, அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெரி பிரேசல்டன் 1,170 குழந்தைகளின் வரலாற்றை ஆராய்ந்து 1962 இல் எழுதிய கட்டுரையிலே, குழந்தை தானே ஆயத்தமாகும்வரை காத்திருத்தல் வேண்டும் என்றார். இரண்டும் முரண்போலத் தோன்றும், முரணல்ல. முன்னையதிற் குறிப்பறிபவள் தாய். குழந்தை அவளோடு இசைந்து நடக்கின்றது. பின்னையதிற் குறிப்பறிவது குழந்தை. அது தானே உணர்ந்து, சொல்லி, உடை களைந்து, சென்று இருக்கின்றது. முன்னைய முறைக்கு முற்றம் வேண்டும். நாள் முழுதும் குழந்தைமேற் கண் வைத்திருக்கும் ஒருத்தியும் வேண்டும்.

கொழும்பிலே அவ்விரண்டும் அரிய பொருள்கள். வெள்ளவத்தைத் தொடர்மாடியிலே முற்றம் இல்லை; பெற்றார் இருவரும் காலையிலே வேலைக்குப் புறப்படும் வீடுகள் பல. அங்குள்ள கொமட் வளர்ந்தவர்க்கு அமைந்தது. குழந்தையின் கால் அந்தரத்திலே தொங்குகின்றது. விழுந்துவிடுவேனோ என்று அஞ்சுகின்றது. நீர் பேரொலியோடு சுழன்று இறங்க, தன்னையும் அது கொண்டுபோய்விடும் என்று நடுங்கும் குழந்தையும் உண்டு. கொட்டாஞ்சேனையிலே பல குடும்பங்களுக்குப் பொதுவான கக்கூசு உள்ள தோட்டத்திலோ, இடர் வேறு. அங்கே இருட்டும் ஈரமும் இருக்கும். வெளியே நின்று கதவைத் தட்டுவோரும் இருப்பர். பெரியவர்க்கே அவசரமான அவ்விடத்திற் சிறியது எவ்வாறு ஆறுதலாய் இருக்கும்?

இதற்குப் பரிகாரம் எளிது. நிலத்திலே வைக்கும் சிறிய பிளாஸ்டிக் இருக்கை ஒன்று போதும். கொமட்டிலேயே இருத்துவதானாற் காலுக்குக் கீழே ஒரு பலகை வைத்தல் வேண்டும். பாதம் ஊன்றினாலன்றி வயிறு முக்காது.

இனிச் சொல்லுக்கு வருவோம். கக்கூசு என்பதே நம் சொல்லன்று. 1656 முதல் 1796 வரை கொழும்பை ஆண்ட ஒல்லாந்தர் விட்டுச் சென்றது. வீட்டிலே அப்பம்மா 'ஒண்டுக்கு' என்பார். தாய் வேறொன்று சொல்வாள். முன்பள்ளி ஆசிரியை ஆங்கிலத்திற் கேட்பார். அயல்வீட்டுக் குழந்தை சிங்களத்திற் சொல்லும். 'கக்கா' ஒன்றே தமிழ்க் குழந்தைக்கும் சிங்களக் குழந்தைக்கும் பொதுவாய் நிற்கின்றது! எச்சொல்லாயினும் ஆகுக, வீட்டார் யாவரும் ஒரே சொல்லை வழங்குக. அச்சொல்லை முன்பள்ளி ஆசிரியைக்கும் முதல் நாளே அறிவித்து வைக்க. தன் சொல் விளங்காத இடத்திலே குழந்தை வாய் திறவாது அடக்கும்; அடக்கி முடியாதபோது உடை நனையும்.

எப்போது தொடங்கலாம்? ஒன்றரை வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடையிலே பெரும்பாலான குழந்தைகள் ஆயத்தமாகின்றன. இரண்டு மணி நேரம் நனையாதிருத்தல், மலம் வருமுன் மூலையிலே ஒதுங்குதல், நனைந்த உடையை வெறுத்தல், சிறு ஏவலைக் கேட்டு நடத்தல் என்பன அடையாளங்கள். முன்பள்ளியிற் சேர்க்கும் நாள் வந்துவிட்டதென்று, பம்பர்ஸ் கட்டிய குழந்தையை ஒரு வாரத்திலே பழக்க முனைதல் பயன் தராது. இது நாட்கணக்கன்று, மாதக்கணக்கு. உணவு உண்டவுடன் குடல் அசைவது இயல்பாதலின், அவ்வேளையிலே ஐந்து நிமிடம் இருத்துக. வந்தால் ஒரு நல்ல சொல், வாராவிடின் எழுப்பிவிடுக. பிடித்து அமுக்கி இருத்துதல் ஆகாது.

இடர்களுட் பெரியது மலத்தை அடக்குதல். ஒருநாள் இறுகிய மலம் நோவெடுக்கச் செய்யும். அந்நோவுக்கு அஞ்சி மறுநாள் அடக்கும். அடக்க மேலும் இறுகும். இறுக மேலும் நோகும். இச்சங்கிலியை அடி அறுக்காது, வளர்க்கும். பப்பாசி, கீரை, வேண்டிய அளவு நீர் என்பன உதவும். அளவுக்கு மிஞ்சிய பால் மலத்தை இறுக்கக்கூடும். நன்றாய்ப் பழகிய குழந்தை, தம்பி பிறந்தபோதோ வீடு மாறியபோதோ மீண்டும் உடையை நனைத்தலும் உண்டு. அது குறும்பன்று, கலக்கம். சில நாள் பொறுத்திருக்கத் திரும்பும். இரவு நனையாதிருத்தல் பகற்பழக்கத்திற்கு மிகப் பிந்தியே வரும். ஐந்து வயதுக்கு முன் பாயை நனைத்தல் நோயெனக் கொள்ளப்படுவதில்லை. ஆனால் மலத்திலே இரத்தங் காணுதல், சலம் போகும்போது அழுதல், நெடுநாள் மலம் போகாமை என்பன தோன்றினால் தாமதியாது மருத்துவரிடம் காட்டுக. தொடக்கத்தில் வரும் ஐயங்களைப் பகுதியின் பொதுச் சுகாதார மருத்துவமாதிடம் கேட்கலாம்.

'இவ்வளவு வயதாகியும் வெட்கமில்லையா?' என்று அயலார் கேட்க ஏசும் வழக்கத்தை நாம் விடுதல் வேண்டும். வெட்கம் என்பது இன்னதென்று அறியாத பருவத்திலே வெட்கத்தைப் புகட்டினால், குழந்தை தூய்மையைக் கற்பதில்லை, ஒளித்தலையே கற்கின்றது. நனைந்த உடையைக் கட்டிலுக்குக் கீழே ஒளிக்கும் பிள்ளை, நாளை பிழையான கணக்கையும் ஒளிக்கும். வகுப்பிலே எழுந்து 'ரீச்சர், போகட்டுமா?' என்று கேட்க அஞ்சி, மணியடிக்கும்வரை கால்களை ஒடுக்கி இருக்கும் பிள்ளையை ஆசிரியராயினார் பலரும் கண்டிருப்பர். அப்பிள்ளையின் அச்சம் பள்ளியிலே பிறந்ததன்று என்பதை அறிந்து, உடனே விடை கொடுத்தல் நம் கடன்.

அவைக்கு இடக்கரடக்கல் இருக்கட்டும். குழந்தைக்கு இடக்கர் என்பது ஒன்றில்லை; அதற்கு உள்ளது தேவை ஒன்றே. அத்தேவையைத் தெளிவாய்ச் சொல்ல ஒரு சொல்லும், அச்சமின்றி இருக்க ஓர் இடமும், பிழைத்தபோது சினவாத ஒரு முகமும் கொடுப்பேமாயின், எஞ்சியதை அதன் உடம்பே காலத்தாற் கற்றுக்கொள்ளும்.