வடிவமைப்பு மென்பொருளின் வலையமைப்பு நிறுவல்

வடிவமைப்பு மென்பொருளின் வலையமைப்பு நிறுவல் என்பது, ஒரு நிறுவனத்தின் பல அலுவலகங்களில் பணிபுரியும் பொறியாளர்கள், வரைவாளர்கள் ஆகியோரின் கணினிகளில் ஒரே வடிவமைப்பு மென்பொருளை, முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்ட அமைப்புகளுடன் வழங்கி ஒன்றிலிருந்து நிறுவுவதும், பின்னர் அவ்வமைப்புகள் இடத்துக்கு இடம் வேறுபடாது பேணுவதும் ஆகும். மென்பொருளைக் கணினிகளில் ஏற்றுவது மட்டுமே நோக்கமாயின் அதனை ஓரிரு நாட்களில் செய்து முடித்துவிடலாம். ஓர் அலுவலகத்தில் வரையப்பட்ட வரைபடம் மற்றோர் அலுவலகத்தில் திறக்கப்படும்போதும் அச்சிடப்படும்போதும் அதே வரைபடமாக இருத்தல் வேண்டும் என்பதே இங்கு கடினமான பகுதியாகும்.

இக்கட்டுரையில் ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் ஆட்டோகேட் முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டுள்ளது. 1982 இல் வெளியான இம்மென்பொருள் கட்டடக்கலை, குடிசார் பொறியியல், இயந்திரப் பொறியியல் ஆகிய துறைகளில் பரவலாகப் பயன்படுத்தப்படுகின்றது. இங்கு கூறப்படும் சிக்கல்களுட் பெரும்பாலானவை பிற வடிவமைப்பு மென்பொருள்களுக்கும் பொருந்தும்.

தேவை

சொல்செயலியில் எழுதிய ஒரு கடிதத்தை வேறொரு கணினியில் திறந்தால் எழுத்துரு மாறலாம், பொருள் மாறுவதில்லை. பொறியியல் வரைபடத்தின் நிலை வேறு. ஆட்டோகேட் வரைபடக் கோப்பொன்று தனக்குத் தேவையான அனைத்தையும் தன்னுள்ளே கொண்டிருப்பதில்லை. வரைபடத்தில் எழுத்துருவின் பெயர் மட்டுமே பதியப்பட்டிருக்கும். எழுத்துருக் கோப்பு கணினியில் வேறிடத்தில் இருக்கும். எந்த நிறக் கோடு எத்தனை மில்லிமீட்டர் தடிப்பில் அச்சாக வேண்டும் என்ற விவரம் அச்சுப் பாணிக் கோப்பு எனப்படும் தனிக்கோப்பில் உள்ளது. ஒரு தளத்தின் வரைபடத்தில் தூண்களையும் சுவர்களையும் காட்டும் வெளி வரைபடங்கள் பெயராலும் பாதையாலும் மட்டுமே இணைக்கப்பட்டிருக்கும். சாதாரணக் கோட்டு வகைகள் வரைபடத்திலேயே சேமிக்கப்படுகின்றன. ஆயினும் இடையிடையே எழுத்தோ குறியோ கொண்ட கோட்டு வகைகள், எடுத்துக்காட்டாக எரிவாயுக் குழாயைக் குறிக்கும் கோடு, மீண்டும் வெளிக்கோப்புகளையே சார்ந்துள்ளன.

தேவையான எழுத்துரு கிடைக்காதபோது ஆட்டோகேட் அதற்குப் பதிலாக வேறொரு எழுத்துருவைப் பயன்படுத்தும். இயல்பாக இது சிம்ப்ளக்ஸ் எனும் எழுத்துரு ஆகும். எழுத்துகளின் அகலம் மாறுவதால் குறிப்புகள் அளவுக்கோடுகளின் மேல் ஏறி நிற்கும். நிறுவனம் தானே உருவாக்கிய எழுத்துருவில் விட்டத்தையோ பற்றவைப்பையோ குறிக்கும் சிறப்புக் குறிகள் இருப்பின் அவ்விடத்தில் கேள்விக்குறி தோன்றும், அல்லது வேறொரு குறி தோன்றும். கேள்விக்குறியை எவரும் கண்டுகொள்வர். வேறொரு குறி தோன்றுவதே ஆபத்தானது. கட்டுமான இடத்தில் இருப்பவர் கையிலுள்ள தாளைத்தான் நம்புவார்.

அலகுகளிலும் இதேபோன்ற சிக்கல் உண்டு. ஓர் அலுவலகத்தின் வார்ப்புரு மில்லிமீட்டரையும் மற்றதன் வார்ப்புரு அங்குலத்தையும் செருகல் அலகாகக் கொண்டிருந்தால், ஒன்றிலிருந்து மற்றதில் செருகப்படும் கதவோ வால்வோ 25.4 மடங்கு பெரிதாகவோ சிறிதாகவோ வந்து சேரும். இது உடனே கண்ணில் படும் பிழை என்பதால் தீங்கு குறைவு.

ஏர்பஸ் ஏ380

பல அலுவலகங்களில் மென்பொருள் ஒன்றுபோல் இல்லாமையால் நேர்ந்த இழப்புகளுள் மிகவும் அறியப்பட்டது ஏர்பஸ் ஏ380 வானூர்தியின் கம்பியிணைப்புச் சிக்கலாகும். இவ்வானூர்தி ஒவ்வொன்றிலும் சுமார் 530 கிலோமீட்டர் நீளமான மின்கம்பிகள் உள்ளன. பிரான்சிலும் பிரித்தானியாவிலும் இருந்த வடிவமைப்பாளர்கள் டசோ சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் கேட்டியா மென்பொருளின் 5 ஆம் பதிப்பைப் பயன்படுத்தினர். செருமனியிலும் எசுப்பானியாவிலும் இருந்தோர் 4 ஆம் பதிப்பிலேயே தொடர்ந்தனர். பெயர் ஒன்றாயினும் 5 ஆம் பதிப்பு புதிதாக எழுதப்பட்ட மென்பொருளாகும். இரண்டுக்கும் இடையே வடிவமைப்புத் தரவுகள் முழுமையாகக் கடத்தப்படவில்லை.

எடையைக் குறைக்கும் பொருட்டு செப்புக் கம்பிகளுடன் அலுமினியக் கம்பிகளும் பயன்படுத்தப்பட்டமை நிலைமையை மேலும் சிக்கலாக்கியது. அலுமினியக் கம்பிகளை வளைப்பதற்கான விதிகள் வேறானவை. ஆம்பர்க்கில் தயாரிக்கப்பட்ட கம்பித் தொகுதிகள் துலூசில் வானூர்திக்குள் பொருத்தப்பட்டபோது பொருந்தவில்லை. 2006 சூன் மாதத்தில் அறிவிக்கப்பட்ட தாமதத்தை அடுத்து, தாய் நிறுவனமான ஈஏடிஎஸ் இன் பங்கு விலை ஒரே நாளில் சுமார் 26 விழுக்காடு வீழ்ந்தது. ஏர்பசின் தலைமை அதிகாரி குசுத்தாவ் ஊம்பர்ட் அடுத்த மாதம் பதவி விலகினார். அதே ஆண்டு அக்டோபரில் மற்றுமொரு தாமதம் அறிவிக்கப்பட்டது. முதல் வானூர்தி 2007 அக்டோபர் 15 அன்றே சிங்கப்பூர் ஏர்லைன்சிடம் ஒப்படைக்கப்பட்டது.

இதில் மென்பொருளை மட்டும் குறை கூறுவது பொருந்தாது. எந்த நாட்டு அலுவலகம் எதனைப் பயன்படுத்துவது என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஒரே இடத்தில் இல்லாமையும் முக்கிய காரணமாகும். வலையமைப்பு நிறுவலைத் திட்டமிடும் நிர்வாகி முதலில் பெற வேண்டியது வழங்கி அன்று. எல்லா அலுவலகங்களும் ஒரே நாளில் ஒரே பதிப்புக்கு மாறும் என்ற நிறுவனத்தின் முடிவாகும்.

நிறுவற் பொதி

ஆட்டோகேட்டின் நிறுவல் நிரலில், தனியொரு கணினியில் நிறுவுவதுடன், வலையமைப்புக்கான நிறுவற் பொதியை உருவாக்கும் வசதியும் உள்ளது. நிர்வாகி தேவையான உறுப்புகள், உரிம வகை, தேடற் பாதைகள் போன்றவற்றை ஒருமுறை தெரிவு செய்தால் அவை பொதியுடன் சேர்த்துப் பகிரப்பட்ட கோப்புறையொன்றில் சேமிக்கப்படும். பின்னர் ஒவ்வொரு கணினியும் அதிலிருந்து, பயனரிடம் எக்கேள்வியும் கேளாது, நிறுவிக்கொள்ளும். அண்மைய பதிப்புகளில் இப்பொதி ஆட்டோடெஸ்க் கணக்கின் இணையத் தளத்தில் உருவாக்கப்பட்டுப் பதிவிறக்கப்படுகின்றது.

பொதியின் பாதையை இயக்ககத்தின் எழுத்தால் குறிப்பிடாது வழங்கியின் பெயரால் குறிப்பிடுதல் வேண்டும். ஓர் அலுவலகத்தில் பி இயக்ககமாக இருப்பது மற்றோர் அலுவலகத்தில் வேறொன்றாக இருக்கக்கூடும்.

தனிப்பயனாக்கம்

எவையெல்லாம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும், எவை அலுவலகத்துக்கு அலுவலகம் மாறலாம், எவை பயனரின் விருப்பம் என மூன்றாகப் பிரித்துக்கொள்வது வழக்கம். எழுத்துருக்கள், அச்சுப் பாணிகள், அடுக்குகளின் பெயர்கள், தலைப்புக் கட்டம் ஆகியன முதல் வகையைச் சேரும். அச்சுப்பொறிகளும் தாள் அளவுகளும் இரண்டாம் வகை. லண்டன் அலுவலகத்தின் ஏ1 தாள் ஐக்கிய அமெரிக்க அலுவலகத்தில் கிடைப்பதில்லை. கட்டளைகளின் சுருக்கங்கள், திரையின் நிறம், கருவிப் பட்டைகளின் இடம் ஆகியவற்றைப் பயனரிடமே விட்டுவிடலாம். இருபது ஆண்டுகளாக ஒரே சுருக்கத்தைத் தட்டிப் பழகிய வரைவாளரின் விரல்களை மாற்ற முயல்வதால் எப்பயனும் இல்லை. இவ்விடத்தில் கண்டிப்புக் காட்டும் நிர்வாகிகள், அவசியமான இடத்திலும் ஒத்துழைப்பை இழக்கின்றனர்.

ஆட்டோகேட்டில் இப்பிரிவினைக்கு ஏற்ற ஏற்பாடு உண்டு. 2006 பதிப்பிலிருந்து பட்டிகளையும் கருவிப் பட்டைகளையும் வரையறுக்கும் கோப்பு இரண்டாக இருக்கலாம். ஒன்று பயனருக்குரியது. மற்றது நிறுவனத்துக்குரியது, இதனைப் பயனர் பயன்படுத்தலாம், மாற்ற முடியாது.

புதிதாக இப்பணிக்கு வருபவர்களைப் பெரிதும் குழப்புவது பின்வரும் நடத்தையாகும். ஒரு பயனர் ஒரு கணினியில் ஆட்டோகேட்டை முதன்முறை இயக்கும்போது பட்டிக் கோப்புகள், அச்சுப்பொறி அமைப்புகள், கட்டளைச் சுருக்கங்கள் முதலியன நிறுவல் கோப்புறையிலிருந்து அப்பயனரின் சொந்தக் கோப்புறைக்குப் படியெடுக்கப்படுகின்றன. அதன்பின் மென்பொருள் அப்படியையே வாசிக்கும். நிர்வாகி மூலக் கோப்பைத் திருத்தினாலும் ஏற்கெனவே பணிபுரிந்து வருபவருக்கு எம்மாற்றமும் தெரியாது. அன்று புதிதாகச் சேர்ந்தவருக்கு மட்டும் தெரியும். ஒரே அறையில் அடுத்தடுத்து அமர்ந்திருக்கும் இருவரின் வரைபடங்கள் வெவ்வேறு தடிப்பில் அச்சாவதன் காரணம் பெரும்பாலும் இதுவே. எனவே பொதுக் கோப்புகளை நிறுவல் கோப்புறையில் வைக்காது தனியொரு பகிரப்பட்ட கோப்புறையில் வைத்து, அதன் பாதையைத் தேடற் பாதைகளின் முதலிடத்தில் பொதியிலேயே எழுதிவிடுதல் நன்று.

தேடற் பாதையில் பாதுகாப்புச் சிக்கலொன்றும் அடங்கியுள்ளது. ஆட்டோகேட் தொடங்கும்போது குறிப்பிட்ட சில பெயர்களைக் கொண்ட நிரற்கோப்புகளைத் தானாகவே ஏற்றும். முன்னைய பதிப்புகள் இக்கோப்புகளை, திறக்கப்படும் வரைபடம் இருக்கும் கோப்புறையிலும் தேடி, கிடைத்தால் எச்சரிக்கையின்றி இயக்கின. வெளியாரிடமிருந்து சுருக்கப்பட்ட கோப்பாக வரும் வரைபடங்களுடன் தீய நிரலொன்றும் சேர்ந்து வர இது வழி செய்தது. 2012 சூன் மாதத்தில் ஈசெட் நிறுவனம் வெளிப்படுத்திய மெட்ரே எனும் புழு இவ்வகையானது. பெரும்பாலும் பெரு நாட்டில் பரவிய இப்புழு, திறக்கப்பட்ட வரைபடங்களைச் சீனாவிலிருந்த மின்னஞ்சல் கணக்குகளுக்கு அனுப்பியது.

2014 பதிப்பிலிருந்து நம்பகமான பாதைகள் எனும் பட்டியல் சேர்க்கப்பட்டது. அப்பட்டியலுக்கு வெளியே உள்ள நிரல்கள் ஏற்றப்படும் முன் பயனர் எச்சரிக்கப்படுவார். பகிரப்பட்ட கோப்புறையை இப்பட்டியலில் சேர்க்கும்போது, பயனர்களுக்கு அதில் வாசிக்கும் உரிமை மட்டுமே இருத்தல் வேண்டும். எவரும் எழுதக்கூடிய கோப்புறையை நம்பகமானது என அறிவித்தால் பட்டியல் இருப்பதும் இல்லாததும் ஒன்றே.

தொலைவும் தாமதமும்

எல்லாவற்றையும் ஒரே வழங்கியில் வைத்து எல்லா அலுவலகங்களையும் அதனுடன் இணைத்தால் என்ன என்ற எண்ணம் இயல்பாகவே எழும். இது ஒரே கட்டடத்துக்குள் நன்றாக இயங்கும். கடல் கடந்த அலுவலகங்களுக்கு இயங்காது. காரணம் பட்டையகலம் அன்று, தாமதமாகும். உள்ளூர் வலையமைப்பில் ஒரு கோரிக்கை சென்று விடை திரும்ப ஒரு மில்லி நொடிக்கும் குறைவான நேரமே ஆகும். லண்டனுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே இது சுமார் 170 மில்லி நொடி. மென்பொருள் தொடங்கும்போதும் வரைபடத்தைத் திறக்கும்போதும் தேடற் பாதையிலுள்ள ஒவ்வொரு கோப்புறையாகத் தேடிச் சிறு சிறு கோரிக்கைகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புகின்றது. இவை 1,500 எனக் கொண்டால் காத்திருக்கும் நேரம் மட்டும் நான்கு நிமிடங்களைத் தாண்டிவிடும். இணைப்பின் வேகத்தைப் பத்து மடங்காக உயர்த்தினாலும் இந்நேரம் பெரிதாகக் குறையாது.

ஆகவே பொதுக் கோப்புகளின் படியொன்று ஒவ்வொரு அலுவலகத்தின் வழங்கியிலும் இருத்தல் வேண்டும். விண்டோஸ் வழங்கிகளில் பரவற் கோப்பு முறைமை இதற்குப் பயன்படுத்தப்படுகின்றது. இதன் மூலம் எல்லா அலுவலகங்களிலும் கோப்புறை ஒரே பெயரால் அழைக்கப்படும்; அப்பெயரை அழைக்கும் கணினி தனக்கு அண்மையிலுள்ள வழங்கிக்கு அனுப்பப்படும். விண்டோஸ் சேர்வர் 2003 ஆர்2 இலிருந்து கிடைக்கும் புதிய பிரதியாக்க முறை, கோப்பில் மாறிய பகுதிகளை மட்டும் மற்ற வழங்கிகளுக்கு அனுப்பவல்லது. திருத்தங்களைத் தலைமை வழங்கியில் மட்டும் செய்து மற்றவற்றை வாசிப்புக்கு மட்டுமாக வைத்தால் இம்முறை பல ஆண்டுகள் சிக்கலின்றி இயங்கும்.

வரைபடக் கோப்புகள்

பொதுக் கோப்புகளுக்கு இவ்வளவு பொருத்தமான இம்முறையை வரைபடங்களுக்கும் பயன்படுத்துவதே மிகப் பெரிய தவறாகும். ஒரே வழங்கியில் உள்ள வரைபடத்தை ஒருவர் திறந்தால் அது பூட்டப்படும். இரண்டாமவருக்கு வாசிப்பதற்கு மட்டுமே கிடைக்கும். பிரதியாக்கம் இப்பூட்டை மறுமுனைக்குக் கொண்டு செல்வதில்லை. இரண்டு அலுவலகங்களிலும் இருவர் ஒரே வரைபடத்தின் இரு படிகளைத் திறந்து, இருவரும் பகல் முழுவதும் வரைந்து, இருவரும் சேமிக்க முடியும். இறுதியாகச் சேமித்தவரின் கோப்பே நிலைக்கும். மற்றவரின் கோப்பு வழங்கியில் மறைந்திருக்கும் ஒரு கோப்புறைக்கு நகர்த்தப்படும். இருவருள் எவருக்கும் அறிவிப்பு எதுவும் வராது. அக்கோப்புறைக்கு அளவு வரம்பு இருப்பதால் பழைய கோப்புகள் காலப்போக்கில் அழிந்துவிடும். தன் ஒரு நாள் வேலை காணாமற்போனதை அவ்வரைவாளர் அடுத்த வாரம் அறிந்து முறையிடும்போது மீட்பதற்கு எதுவும் இல்லாது போகலாம்.

இதனைத் தவிர்க்க, ஒவ்வொரு திட்டத்துக்கும் ஓர் அலுவலகத்தை உரிமையாளராக்கி மற்றவற்றுக்கு வாசிக்கும் உரிமையை மட்டும் வழங்கலாம். செலவு குறைந்த வழி இதுவே. இருபுறமும் வரைந்தே ஆக வேண்டிய திட்டங்களுக்கு ஆட்டோடெஸ்க் வால்ட், பென்ட்லி நிறுவனத்தின் புரொஜெக்ட்வைஸ் போன்ற ஆவண மேலாண்மை மென்பொருள்கள் உள்ளன. இவற்றில் நூலகத்தில் நூல் இரவல் பெறுவதுபோல வரைபடத்தைப் பெயரிட்டு எடுத்துச் சென்று திருப்பி வைத்தல் வேண்டும்.

வெளி வரைபடங்களின் பாதைகள் சார்புப் பாதைகளாக இருத்தல் வேண்டும். முழுப் பாதையுடன் இணைக்கப்பட்டவை வேறோர் அலுவலகத்தில் கண்டுபிடிக்கப்படாமல், தூண்களே இல்லாத தளவரைபடம் திறக்கும். 2018 பதிப்பிலிருந்து சார்புப் பாதையே இயல்பிருப்பாக உள்ளது. பழைய திட்டங்களின் வரைபடங்களை இதற்கென ஒருமுறை சரிபார்த்தல் நன்று.

உரிமங்கள்

நீண்ட காலம் ஆட்டோகேட்டின் வலையமைப்பு உரிமங்கள் உரிம வழங்கியொன்றினால் பகிரப்பட்டன. நூறு பேர் பணிபுரியும் நிறுவனம் ஒரே நேரத்தில் அறுபது பேரே வரைவர் எனில் அறுபது உரிமங்களை வாங்கினால் போதுமானதாக இருந்தது. நேர வலய வேறுபாட்டால், ஒப்பந்தம் அனுமதித்தால், ஓர் அலுவலகம் உறங்கும் வேளையில் அதன் உரிமத்தை மற்றது பயன்படுத்தவும் முடிந்தது. மூன்று வழங்கிகளைச் சேர்த்து அமைக்கும் முறையில் இரண்டு இயங்கினாலே போதும். ஆயினும் அம்மூன்றும் ஒரே இடத்தில் இருக்க வேண்டியதால், தொலைவிலுள்ள அலுவலகங்களுக்கு உரிமங்களைப் பிரித்து வைக்கும் பரவல் முறையே ஏற்றது. அதில் ஒரு வழங்கி நின்றால் அதிலுள்ள உரிமங்கள் மட்டும் கிடைக்காமற்போகும்.

ஆட்டோடெஸ்க் 2016 இல் நிரந்தர உரிமங்களின் விற்பனையை நிறுத்திச் சந்தா முறைக்கு மாறியது. 2020 ஆகத்து 7 முதல், வலையமைப்பில் பகிரப்பட்ட சந்தாக்களைப் பெயர் குறிப்பிட்ட தனிப் பயனர்களுக்கான சந்தாக்களாக மாற்றத் தொடங்கியது. மாற்றத்தின்போது ஒரு பகிர்வுச் சந்தாவுக்கு இரண்டு தனிச் சந்தாக்கள் வழங்கப்பட்டன. இதனால் நிர்வாகிகளுக்கு உரிம வழங்கியைப் பேணும் வேலை நீங்கியது. மாறாக, யார் எந்த அலுவலகத்தில் சேர்ந்தார், யார் விலகினார் என்பதைக் கவனித்து உரிமத்தை ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாற்றும் வேலை வந்து சேர்ந்தது. ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் வரைபடத்தைத் திறந்து பார்க்கும் மேலாளருக்கும் தனிச் சந்தா வாங்க நேர்ந்தமை சிறிய நிறுவனங்களின் செலவைக் கூட்டியது. பார்ப்பதற்கு மட்டுமான மென்பொருளை அத்தகையோரின் கணினிகளுக்குத் தனியொரு பொதியாக நிறுவுதல் இதற்கு எளிய மாற்றாகும்.