தூங்கத் தெரிந்த கணினி

மத்தியான வெயிலில் கைபேசியைப் பார்க்க உள்ளங்கையைக் குடையாகப் பிடிக்கிறோம். 2007-இல் வந்த ஒரு குட்டி மடிக்கணினிக்கு அந்தத் தொல்லை இல்லை. வெயில் ஏற ஏற அதன் எழுத்து இன்னும் துலங்கும். பச்சையும் வெள்ளையுமான உடல், முயல் காது போல இரண்டு கொம்புகள், சுமார் ஒன்றரைக் கிலோ எடை. பெயர், எக்ஸ்ஓ-1.

2005 ஜனவரியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக்கோலஸ் நெக்ரோபாண்டே, ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்கு 100 டாலரில் மடிக்கணினி தருவோம் என்று அறிவித்தார். அந்த அறிவிப்பில் பிறந்ததே எக்ஸ்ஓ-1. விலையைவிடப் பெரிய முடிச்சு மின்சாரம். பல பிள்ளைகளின் வீட்டில் மின் இணைப்பே கிடையாது. சுவரில் செருகும் கொசுவிரட்டியே சுமார் 5 வாட் இழுக்கும். பாடம் படிக்கும்போது எக்ஸ்ஓ-1 சுமார் 2 வாட்டிலேயே ஓடும்படி வடிவமைக்கப்பட்டது. எப்படி?

முதல் வித்தை திரையில். மடிக்கணினித் திரைக்குப் பின்னால் எப்போதும் விளக்கு எரியும். மின்கலத்தைக் காலி செய்வதில் அதற்குப் பெரிய பங்கு. இந்தக் கணினிக்காக மேரி லூ ஜெப்சன் உருவாக்கிய திரையில் ஒவ்வொரு படப்புள்ளியிலும் (திரையில் படத்தை ஆக்கும் மிகச் சிறு கட்டம்) ஒரு கண்ணாடிப் பகுதியும் ஒரு சிறு திறப்பும் உண்டு. இரவில் பின்விளக்கின் ஒளி திறப்பு வழியாக வந்து வண்ணம் காட்டும். பகலில் விளக்கை அணைத்துவிடலாம். வெயிலைக் கண்ணாடிப் பகுதி திருப்பி அனுப்ப, அச்சடித்த தாள் போலக் கறுப்பு வெள்ளையில் எழுத்து தெரியும். சூரியனே விளக்கு!

இரண்டாவது வித்தை, தூக்கம். ஒரு பக்கத்தை நாம் இரண்டு நிமிடம் படிக்கிறோம். அந்த நேரத்தில் செயலிக்கு (கணினியின் மூளையான சில்லு) வேலையே இல்லை. ஆனாலும் திரையில் படம் நிற்க, அதை நொடிக்குப் பல முறை மறுபடி வரைந்தபடி இருக்க வேண்டும். எக்ஸ்ஓ-1இல் இதற்கென்றே தனிச் சில்லு ஒன்று வைத்தார்கள். கடைசிப் படத்தைத் தன் நினைவில் வைத்துக்கொண்டு அதுவே வரைந்துகொண்டிருக்கும். செயலி தூங்கப் போய்விடும். மளிகைக்கடை முதலாளி கல்லாவில் கண்ணயர, கடைப் பையன் பார்த்துக்கொள்வது போல. விசையைத் தட்டினால் முதலாளி விழித்துக்கொள்வார்.

அந்தக் கொம்புகள் வானலை வாங்கிகள் (ஆன்டெனா). மடித்தால் அவையே மூடியைப் பூட்டும். பக்கத்துத் துளைகளைத் தூசி புகாமல் மறைக்கும். ஒரு பொருள், மூன்று வேலை. அவற்றின் வழியே, தீயணைக்க ஊரார் வரிசையாக நின்று குடத்தைக் கைமாற்றுவது போல, பக்கத்துப் பக்கத்துக் கணினிகள் தகவலைக் கைமாற்றி, தொலைவில் உள்ள பிள்ளைக்கும் இணையத்தைக் கொண்டுசேர்க்கும். செயலி தூங்கினாலும் இந்த அஞ்சல் வேலை நிற்காது.

உள்ளே சுழலும் தட்டு இல்லை, விசிறி இல்லை. சேமிப்பு முழுவதும் ஃபிளாஷ் நினைவகத்தில். மின்சாரம் போனாலும் எலெக்ட்ரான்களைச் சிறு அறைகளில் அடைத்துவைத்திருக்கும் சில்லு அது. கீழே போட்டால் உடைய, உள்ளே சுழலும் பாகம் எதுவுமில்லை.

100 டாலர் கனவு பலிக்கவில்லை. விலை ஏறத்தாழ 190 டாலரில் நின்றது. உருகுவே 2009-க்குள் அரசுத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் கொடுத்தது. பெருவில் நடந்த ஆய்வோ, கணினி வந்ததால் மட்டும் கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் உயரவில்லை என்று 2012-இல் சொன்னது.

ஆனால் குட்டிக் கணினி என்ற எண்ணம் பள்ளிச் சுவரைத் தாண்டிவிட்டது. 2007 அக்டோபரில் தைவானின் ஆசுஸ் 920 கிராமில் ‘ஈ பிசி’யை இறக்கியது. 7 அங்குலத் திரை, 4 ஜி.பி. ஃபிளாஷ் நினைவகம். ‘நெட்புக்’ எனப்பட்ட குட்டி மடிக்கணினிகளின் காலம் தொடங்கியது. மறு ஆண்டே இன்டெல், இத்தகைய கணினிகளுக்காக ‘ஆட்டம்’ செயலியைக் கொண்டுவந்தது. துவரம் பருப்பளவுச் சில்லில் 4.7 கோடி டிரான்சிஸ்டர்கள் (மிகச் சிறு மின் சுவிட்சுகள்)!

2010-இல் வந்த ஐபேடும், வளர்ந்துவந்த திறன்பேசிகளும் நெட்புக்கை ஓரங்கட்டின. தூங்கும் வித்தை மட்டும் இடம் மாறிக்கொண்டது. மேசைமேல் திரை இருண்டு கிடக்கும் உங்கள் கைபேசியில் இப்போது செயலி பெரும்பாலும் உறக்கத்தில்தான் இருக்கிறது. அழைப்பு வருகிறதா என்று வானலைச் சில்லு மட்டும் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறது. காலையில் ஏற்றிய மின்சாரம் இரவு வரை தாங்குவது அந்தத் தூக்கத்தால்தான்.