மேசைக்கடியில் மாணிக்கம்

கடிகாரம் பழுதுபார்ப்பவரின் மேசை மற்ற மேசைகளைவிட உயரமாக இருக்கும். வேலை கண்ணுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நெஞ்சு மட்டத்துக்கு ஏற்றி வைத்திருப்பார்கள். 90 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து ஒரு திருகு நழுவினால் 0.43 நொடியில் தரையைத் தொட்டுவிடும். நழுவியது கண்ணில் பட்டு, மூளைக்கு எட்டி, கை அசையத் தொடங்கவே ஏறக்குறைய 0.2 நொடி போய்விடுகிறது. அதற்குள் திருகு 20 சென்டிமீட்டர் இறங்கியிருக்கும். முப்பது வருடம் தொழில் பார்த்த கைக்கும் இதே கணக்குதான்.

விழுவதைவிட மோசம் தெறிப்பது. கைக்கடிகாரத்தில் பட்டையை மாட்டும் ஸ்பிரிங் பின்னை எடுத்துக்கொள்ளுங்கள். 0.1 கிராம் எடையுள்ள ஒரு துண்டை, 5 நியூட்டன் விசையில் 3 மில்லிமீட்டர் அமுக்கியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதாவது அரைக் கிலோ எடை வைத்து அழுத்திய மாதிரி. அதில் அடைபட்டிருக்கும் ஆற்றல் மிகக் கொஞ்சம், 0.0075 ஜூல்தான். ஆனால் அதைச் சுமக்கும் துண்டும் அவ்வளவு லேசு. முழு ஆற்றலும் வேகமாக மாறினால் அது நொடிக்கு 12 மீட்டர் வேகத்தில் பாயும். பாதி உராய்வில் வீணானாலும் 8 மீட்டருக்குக் குறையாது. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் ஸ்பிரிங்கைக் கழற்றும்போது கடிகாரத்தையும் கைகளையும் ஒரு கண்ணாடி பாலித்தீன் பைக்குள் விட்டுக்கொண்டு வேலை செய்கிறார்கள்.

தரையில் பட்ட பிறகு என்ன நடக்கிறது என்பது பொருளின் வடிவத்தைப் பொறுத்தது. பேரிங் குண்டு நேராகத் துள்ளும், பிறகு உருளும். சுவர் தடுக்கும்வரை நிற்காது. வாஷர் விளிம்பில் நின்றுவிட்டால் அதுவும் அப்படியே. திருகு வேறு சாதி. அதன் தலையோ முனையோ ஓரமாகத் தரையில் மோத, விழுந்த வேகத்தில் ஒரு பகுதி சுழற்சியாகவும் பக்கவாட்டு ஓட்டமாகவும் மாறுகிறது. மோதும் கோணம் இம்மி மாறினாலும் துள்ளும் திசை மாறிவிடும். ஆனால் துள்ளி முடித்த திருகு அதிக தூரம் உருளாது. தலை பெருத்து முனை சிறுத்திருப்பதால் வட்டமடித்து ஓரிடத்தில் படுத்துவிடும். ஆகவே குண்டு தொலைந்தால் சுவரோரம், திருகு தொலைந்தால் விழுந்த இடத்தைச் சுற்றி என்று தேடலைத் தொடங்கலாம். பட்டறைகளில் இன்னொரு வழியும் உண்டு. அதேபோன்ற இன்னொரு திருகை அதே இடத்திலிருந்து வேண்டுமென்றே கீழே போட்டு, அது எவ்வளவு தூரம் போகிறது என்று பார்ப்பார்கள். முதல் திருகு போன பாதை அதில் தெரியாது. தேட வேண்டிய வட்டம் எவ்வளவு பெரியது என்று தெரியும். என்னைக் கேட்டால் இது முறையான ஒரு பரிசோதனைதான்.

விழுந்த கணத்தில் செய்ய வேண்டியது, நாற்காலியைத் தள்ளாமல் அசையாமல் இருந்து காது கொடுப்பது. ‘டிக்’ என்ற கூர்மையான ஒலி இரண்டு காதுகளையும் ஒரே நேரத்தில் அடைவதில்லை. அந்த இடைவெளி அதிகம் போனால் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அதை வைத்தே மூளை திசையைக் கணித்துவிடுகிறது. எழுந்து குனிவதற்குள் நம் காலே அந்த ஒலியை மூடிவிடும்.

இனிதான் கண்ணின் வேலை, அதில்தான் ஏமாற்றமும் அதிகம். பார்வையில் கூர்மையான பகுதி மிகக் குறுகியது. கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் எவ்வளவு தெரியுமோ ஏறத்தாழ அவ்வளவுதான். மற்றதெல்லாம் மங்கல். 1980-இல் ஆன் ட்ரீஸ்மன், கேரி ஜெலேட் இருவரும் வெளியிட்ட ஆய்வு இதில் ஒரு முக்கியமான விஷயத்தைச் சொன்னது. தேடும் பொருள் நிறம் போன்ற ஒரே ஒரு பண்பிலாவது சுற்றியிருப்பவற்றிலிருந்து விலகி நின்றால், அது தானாகவே கண்ணுக்குள் பாய்ந்து வரும். சுற்றிலும் எத்தனை பொருள்கள் கிடந்தாலும் நேரம் கூடுவதில்லை. அப்படி விலகாதபோது ஒவ்வொன்றாகத்தான் பார்த்து வர வேண்டும். அப்படிப் பார்ப்பதிலும் சிக்கல் உண்டு. ஜெரமி வுல்ஃப் குழுவினர் 2005-இல் செய்த சோதனையில், பாதிக்குப் பாதி படங்களில் இலக்கு இருந்தபோது மக்கள் தவறவிட்டது 7 சதவீதம். நூற்றில் ஒன்றில் மட்டும் இருந்தபோது 30 சதவீதம். கிடைப்பது அரிது என்று தெரிந்ததும் மூளை சீக்கிரமே கைவிட்டுவிடுகிறது. ஏற்கெனவே பார்த்த இடத்திலேயே பொருள் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

எனவே உற்றுப் பார்ப்பதைவிட, தொலைந்ததைத் தரையிலிருந்து வேறுபடுத்திக் காட்டுவதுதான் வழி. முதல் உபாயம் நிழல். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வையுங்கள். ஒளி 5 பாகைச் சாய்வில் வந்தால், 2 மில்லிமீட்டர் உயரமுள்ள திருகு 23 மில்லிமீட்டர் நீள நிழலைப் போடும். தேய்ந்த கல்வெட்டு எழுத்துகளைப் படிக்கவும் இதே சாய்வொளிதான் உதவுகிறது. இரண்டாவது காந்தம். எஃகுக்கு அது போதும். பித்தளையும் அலுமினியமும் ஒட்டாது, துருப்பிடிக்காத எஃகிலும் பல வகைகள் ஏறக்குறைய ஒட்டுவதே இல்லை. கடிகாரக் கடையில் காந்தத்தை ஜாக்கிரதையாகத்தான் எடுக்க வேண்டும். நேரத்தைக் காக்கும் மெல்லிய ஹேர்ஸ்பிரிங்கில் காந்தம் ஏறினால் நேரம் தப்பிவிடும்.

மூன்றாவது உபாயம்தான் என்னை வியக்க வைக்கிறது. பழைய எச்எம்டி ஜனதா கடிகாரத்தின் முகப்பில் ‘17 ஜுவல்ஸ்’ என்று போட்டிருக்கும். அந்தப் பதினேழும் செயற்கை மாணிக்கக் கற்கள். பெரும்பாலானவை சக்கர அச்சுகள் தேயாமல் சுழல்வதற்காக வைத்தவை. ஃபிரெஞ்சுக்காரர் ஒகுஸ்த் வெர்னுயி 1902-இல் அறிவித்த முறைதான் இப்படிப்பட்ட கல்லைத் தொழிற்சாலையில் மலிவாக வளர்க்க வழி திறந்தது. இவற்றில் மிகச் சிறியவை ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, தூசியோடு தூசியாகிவிடும். காந்தமும் இழுக்காது. ஆனால் கடையில் கள்ளநோட்டு பார்க்க வைத்திருக்கும் புற ஊதா டார்ச்சை இருட்டில் அடித்தால் கல் சிவப்பாக ஒளிர்கிறது.

மாணிக்கம் என்பது அலுமினியம் ஆக்சைடு படிகம். அதில் சிறிதளவு குரோமியம் கலந்திருக்கிறது. புற ஊதா ஒளியை விழுங்கிய குரோமிய அயனி மேல்நிலைக்குத் தாவி, கொஞ்சம் ஆற்றலைப் படிகத்துக்கே அதிர்வாகக் கொடுத்துவிட்டு, சில மில்லிநொடிகள் காத்திருந்து, மிச்சத்தை 694 நானோமீட்டர் அலைநீளச் சிவப்பாக வெளியிடுகிறது. 1960 மே மாதம் தியோடர் மைமன் உலகின் முதல் லேசரை இயக்கியது மாணிக்கத் தண்டிலிருந்து வந்த இந்த ஒளியைக் கொண்டுதான். இயற்கை மாணிக்கத்தில் இரும்பு அதிகமிருந்தால் அது ஒளிர்வை அமுக்கிவிடும்; தொழிற்சாலைக் கல்லில் இரும்பு மிகக் குறைவு. சலவைத்தூளில் துவைத்த துணியின் நூல்துணுக்குகளும் புற ஊதாவில் ஒளிரும், ஆனால் நீலவெண்மையாக. நீலப் புள்ளிகளுக்கு நடுவே ஒரே ஒரு சிவப்பு. ட்ரீஸ்மன் சொன்னது போல, இங்கே தேட வேண்டியதே இல்லை.

இதே வழியில் 2023-இல் ஒரு பாலைவனத்தையே தேடினார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு சுரங்கத்திலிருந்து பெர்த்துக்கு லாரியில் போன அளவீட்டுக் கருவியை ஜனவரி 25 அன்று பிரித்தபோது, அது உடைந்திருந்தது. ஒரு போல்ட்டையும் காணோம், உள்ளிருந்த கதிரியக்க சீசியம்-137 குப்பியையும் காணோம். குப்பி 6 மில்லிமீட்டர் விட்டம், 8 மில்லிமீட்டர் உயரம். தொலைந்த பாதை 1,400 கிலோமீட்டர். கண்ணால் தேடியிருந்தால் முடிந்திருக்காது. சீசியம் வெளிவிடும் காமா கதிரைப் பிடிக்கும் கருவியைப் பொருத்திய வண்டி பிப்ரவரி 1 அன்று மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோதே குப்பியைக் கண்டுகொண்டது. சாலையிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளிக் கிடந்தது. எடுத்து, சீரியல் எண்ணைப் பார்த்து, அதுதான் என்று உறுதி செய்தார்கள்.