உஷார்! சிங்கக்குட்டியைக் கையில் தரும் படிப்பை நம்பாதீர்கள்

உயர்தரத்தில் உயிரியல் எடுத்துவிட்டுப் பல்கலைக்கழக அழைப்புக்காகக் காத்திருக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், காசு கட்டுவதற்கு முன் இதை முழுவதும் வாசியுங்கள்.

பரீட்சை முடிந்ததற்கும் பல்கலைக்கழக வாசலை மிதிப்பதற்கும் இடையில் நம் பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில் காலம் சும்மா கிடக்கிறது. அதைக் குறிவைத்துக் கைப்பேசிக்கு வரும் விளம்பரங்களின் சாரம் இதுதான்: ஜூன் முதல் ஓகஸ்ட் வரை வெளிநாட்டில் கோடைகால வனவிலங்குப் பாதுகாப்புக் கற்கைநெறி, தென்னாபிரிக்கா, கென்யா, தாய்லாந்து, முன்தகுதி தேவையில்லை, முடிவில் சர்வதேசச் சான்றிதழ். கூடவே ஒரு படம் இருக்கும். அதில் ஓர் இளம்பெண் சிங்கக்குட்டியை மடியில் வைத்துப் போத்தலில் பால் கொடுத்துக்கொண்டிருப்பாள்.

படத்தைப் பார்த்த பிள்ளைக்கு மனம் இளகிவிடும். வாப்பா கட்டாரில் இருக்கும் மூத்த மகனுக்குக் கோல் எடுப்பார். உம்மாவின் காப்பு அடகுக்குப் போகும். இரண்டு, மூன்று வாரத்துக்கு மூவாயிரம் டொலர் கேட்டால் நம் காசில் ஏறக்குறைய ஒன்பது இலட்சம். விமான டிக்கெட் தனி. நில்லுங்கள். மனதை இளக்கிய அந்தப் படம்தான் முதல் அபாய அறிவிப்பு.

வெளிநாட்டு வனவிலங்குப் படிப்பு எல்லாமே மோசடி அல்ல. பெயருள்ள பல்கலைக்கழகங்கள் தங்கள் மாணவர்களைக் காட்டுக்கு அழைத்துப்போய், விரிவுரையாளர் பக்கத்தில் இருக்க, புள்ளி வழங்கி நடத்தும் களக் கற்கைகள் உண்டு. அதே பெயரை ஒட்டிக்கொண்டு, சுற்றுலாவைப் படிப்பென்று விற்கும் வியாபாரமும் உண்டு. இரண்டின் விளம்பரமும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆபத்து அங்கேதான்.

முதல் பொறி: பால் கொடுத்த கையே பலிகொடுக்கும்

தென்னாபிரிக்காவில் ஆயிரக்கணக்கான சிங்கங்கள் பண்ணைகளில் கூண்டுக்குள் வளர்க்கப்படுகின்றன. பிறந்த சில நாட்களிலேயே குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கிறார்கள். பிரித்தால்தான் தாய் விரைவில் மறுபடி சினைக்குத் தயாராகும். ‘தாய் கைவிட்ட குட்டி, நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும்’ என்று சொல்லி, காசு கட்டி வந்த வெளிநாட்டு இளைஞர்களின் கையில் அதைக் கொடுப்பார்கள். வளர்ந்த பிறகு அதே சிங்கம் வேலி அடைத்த நிலத்தில் விடப்பட்டு, பணக்கார வேட்டைக்காரரின் துப்பாக்கிக்கு இலக்காகும். எலும்பு ஆசியச் சந்தைக்குப் போகும். 2017இல் மட்டும் 800 எலும்புக்கூடுகளை ஏற்றுமதி செய்ய அந்த நாட்டு அரசே அனுமதி கொடுத்தது. 2015இல் வெளிவந்த ‘பிளட் லயன்ஸ்’ ஆவணப்படம் இந்த வியாபாரத்தை உலகறியச் செய்தது. 2021இல் சுற்றாடல் அமைச்சர் பார்பரா கிரீசி, கூண்டுச் சிங்க வளர்ப்பை முடிவுக்குக் கொண்டுவரப்போவதாக அறிவித்தார்.

மனிதக் கையில் வளர்ந்த சிங்கத்தைக் காட்டில் விட முடியாது. மனிதனைக் கண்டால் அது அஞ்சி ஓடாது. ஆகவே குட்டியைத் தூக்கிக் கொஞ்சவிடும் இடத்தில் பாதுகாப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

தாய்லாந்தின் காஞ்சனபுரியில் ‘புலிக் கோயில்’ என்று பேர்பெற்ற ஒரு விகாரை இருந்தது. வெளிநாட்டு இளைஞர்கள் அங்கே தொண்டுக்கென்று போய்ப் புலிகளுக்கு உணவூட்டினார்கள். 2016இல் வனவிலங்கு அதிகாரிகள் உள்ளே நுழைந்தபோது, உறைபெட்டியில் 40 புலிக்குட்டிகளின் உடல்கள் கிடைத்தன.

பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினி போட்ட பெண்ணுக்குக் கிடைத்த தண்டனையை மத்ரஸாவில் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நம்முடையவர்கள். நல்லெண்ணத்தோடு போகும் அவர்களை இப்படிப்பட்ட பாவத்தில் பங்காளியாக்கி அனுப்பலாமா?

இரண்டாவது பொறி: பூச்சி பிடித்தாலும் குற்றம்

‘மாதிரி சேகரிப்பும் படிப்பின் ஒரு பகுதி’ என்று யாராவது சொன்னால் இரண்டு மடங்கு உஷாராகுங்கள்.

2024 மே மாதம் யால தேசிய பூங்காவில் இத்தாலியத் தந்தையும் மகனும் பிடிபட்டார்கள். அவர்களிடம் போத்தல்களில் அடைத்த 92 இனப் பூச்சிகள் இருந்தன. தந்தை ஒரு மருத்துவர். அதே வருடம் செப்டம்பரில் அவர்களுக்கு விதிக்கப்பட்ட அபராதம் ஆறு கோடி ரூபாய். படித்தவர் என்பதற்காகச் சட்டம் விட்டுக்கொடுக்கவில்லை.

2025இல் கென்யாவில் நடந்தது இன்னும் கவனிக்க வேண்டியது. ஏறக்குறைய 5,000 எறும்புகளைக் குழாய்களில் அடைத்து வைத்திருந்த பெல்ஜியத்தின் பதின்ம வயதினர் இருவர் கைதானார்கள். ஆசைக்காகச் சேர்த்தோம், குற்றம் என்று தெரியாது என்றார்கள். நீதிமன்றம் ஆளுக்குப் பத்து இலட்சம் கென்ய சிலிங் அபராதம், கட்டாவிட்டால் பன்னிரண்டு மாதச் சிறை என்று தீர்த்தது.

எறும்புக்கே இந்தக் கதை என்றால் சிப்பிக்கும் பவளத்துக்கும் ஆமையோட்டுக்கும் என்ன ஆகும்? இந்தியாவுக்குப் போகிறவர்கள் சாதாரணமாக நினைக்கும் மயிலிறகை அந்த நாட்டிலிருந்து வெளியே கொண்டுவருவதுகூடத் தடைசெய்யப்பட்டது. எழுத்தில் அரச அனுமதி இல்லாமல் இறகு, எலும்பு, ஓடு, விதை, பூச்சி எதையும் தொட்டு எடுக்காதே என்று பிள்ளைக்குச் சொல்லி அனுப்புங்கள். பிடிபட்டால் சிறைக்குப் போவது பிள்ளை, ஏற்பாட்டாளர் அல்ல.

மூன்றாவது பொறி: விசிட் விசா

‘படிப்புக்குத்தான் போகிறீர்கள், ஆனால் விசிட் விசா போதும்’ என்று முகவர் சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்துங்கள். தாய்லாந்தில் சம்பளமில்லாத தொண்டுக்குக்கூட வேலை அனுமதிப்பத்திரம் வேண்டும். அது இல்லாமல் விலங்குக் கூண்டைக் கழுவினாலும் சட்டப்படி குற்றம்.

இதைவிடப் பயங்கரமானதும் நம் கண் முன்னால் நடந்திருக்கிறது. கணினி வேலை என்று நம்பித் தாய்லாந்துக்குப் போன இலங்கை இளைஞர்கள், எல்லை தாண்டி மியன்மாரின் மியாவடிப் பக்கம் கொண்டுபோகப்பட்டு, இணைய மோசடி முகாம்களில் அடைபட்டார்கள். அவர்களை மீட்டுவர அரசும் சமயத் தலைவர்களும் பட்ட பாட்டை 2024 முழுவதும் செய்திகளில் பார்த்தோம். வேலை என்று சொன்ன வாய் நாளைக்குப் படிப்பு என்றும் சொல்லும். தங்குமிடம் இலவசம், மாதம் கைச்செலவுக்குக் காசும் உண்டு என்றால் அது படிப்பல்ல, வேலை. அந்த முகவருக்கு உரிமம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள்.

சான்றிதழையும் ஆராயுங்கள். சர்வதேசம் என்று பொன் எழுத்தில் அச்சடித்தால் மட்டும் அதற்கு மதிப்பு வந்துவிடாது. இரண்டு வாரச் சான்றிதழைக் காட்டி வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தில் உத்தியோகம் எடுக்கவும் முடியாது.

உடம்பையும் மறக்காதீர்கள். குரங்கு கடித்தாலோ வௌவால் கீறினாலோ விசர்நோய் தொற்றலாம். அறிகுறி தோன்றிய பிறகு அதிலிருந்து பிழைத்தவர்கள் மிக அரிது. தடுப்பூசி பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல் விலங்கைக் கையாளவிடும் நிறுவனம் உங்கள் பிள்ளையின் உயிரை மதிக்கவில்லை.

காசு கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை

- எந்தப் பல்கலைக்கழகம் நடத்துகிறது? அதன் சொந்த இணையத்தளத்தில் இந்தக் கற்கையின் பெயர் இருக்கிறதா? பல்கலைக்கழகத்துக்கே மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். முகவர் தரும் முகவரிக்கு அனுப்ப வேண்டாம்.
- கற்பிப்பவர் யார்? அவர் பெயரில் வெளிவந்த ஆய்வு உண்டா?
- விலங்கைத் தொடவோ தூக்கவோ செல்ஃபி எடுக்கவோ விடுவார்களா? ஆம் என்றால் அத்தோடு விடுங்கள்.
- வளர்த்த விலங்குகள் பிறகு எங்கே போகின்றன? எத்தனை காட்டுக்குத் திரும்பின?
- அந்த நாட்டு வனவிலங்குத் துறையின் அனுமதி எழுத்தில் இருக்கிறதா?
- என்ன வகை விசா? கடவுச்சீட்டைப் பிள்ளையே வைத்திருக்கலாமா?
- காசு நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்குப் போகிறதா, தனியாள் கணக்குக்கா? பயணம் நின்றால் திரும்பக் கிடைக்குமா?

ஒரு கேள்விக்கேனும் ‘அதெல்லாம் அங்கே போனதும் பார்த்துக்கொள்ளலாம்’ என்று பதில் வந்தால், போக வேண்டாம்.

அப்படியானால் எங்கே படிப்பது?

உலகத்து மாணவர்கள் யானையைப் படிக்க விமானம் ஏறி வரும் நாடு நம்முடையது. உடவளவையில் 1995 முதல் இயங்கும் யானைக்குட்டிகள் இடைத்தங்கல் நிலையத்தைப் பாருங்கள். தாயை இழந்த குட்டிகளுக்குப் பால் கொடுத்து வளர்த்து, நூற்றுக்கும் மேற்பட்டவற்றைக் காட்டில் விட்டிருக்கிறார்கள். பார்வையாளர் தூரத்தில் நின்று பார்க்கலாம், தொட முடியாது. உண்மையான பாதுகாப்புப் பணிக்கு அதுதான் அடையாளம். பொலன்னறுவையில் 1968 முதல் குரங்குக் கூட்டங்களை விடாமல் அவதானித்துவரும் ஆய்வு உலகம் முழுக்கப் பேர்பெற்றது. வனவிலங்கு அறிவு அப்படிப் பல்லாண்டு பொறுமையில் வருவது. இரண்டு வாரத்தில் வாங்கி வருவதல்ல.

நம் அம்பாறை மாவட்டத்திலேயே கல்லோயாவும் லகுகலையும் குமணவும் இருக்கின்றன. அவற்றைவிடப் பக்கத்தில், நாம் படிக்க மறுக்கும் ஒரு பாடம் அட்டாளைச்சேனைப் பக்கம் பள்ளக்காட்டில் இருக்கிறது. கல்முனை மாநகரக் குப்பையும் போய்ச் சேரும் அந்த மேட்டில் காட்டு யானைகள் பிளாஸ்டிக்கோடு சேர்த்து இரை தின்கின்றன. 2022 ஜனவரியில் வெளியான செய்திகளின்படி, அதற்கு முந்திய எட்டு வருடங்களில் சுமார் 20 யானைகள் அங்கே பிளாஸ்டிக்கைத் தின்று இறந்திருந்தன. அங்கே செய்ய வேண்டிய ஆய்வுக்கு விசா தேவையில்லை.

சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் பயிற்சி நிலையம் கிரிதலையில் இருக்கிறது. பறவைகளில் ஆர்வமுள்ளவர்களுக்குக் கொழும்புப் பல்கலைக்கழகத்தைத் தளமாகக் கொண்ட களப் பறவையியல் குழு 1976 முதல் வழிகாட்டுகிறது. வெளிநாடுதான் வேண்டுமென்றால் தமிழ்நாட்டில் மயிலாடுதுறைக்கு அருகே மன்னம்பந்தலில் உள்ள ஏ.வி.சி. கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் பட்டமேற்படிப்பு உண்டு. தேராதூனில் இந்திய வனவிலங்கு நிறுவனம் 1982 முதல் இயங்குகிறது. இந்தியாவில் படிக்க இலங்கை மாணவருக்கான புலமைப்பரிசில்களைக் கொழும்பு இந்திய உயர்ஸ்தானிகராலயம் அறிவிக்கும். முகவருக்குக் கொடுக்கும் காசை மிச்சம் பிடித்து அந்த அறிவித்தலைக் கவனியுங்கள்.

ஏற்கெனவே காசு கட்டிவிட்டவர்கள் வெட்கப்பட்டு ஒளிக்காதீர்கள். வங்கிப் பற்றுச்சீட்டு, வட்ஸ்அப் செய்திகள், விளம்பரத்தின் படம் எல்லாவற்றையும் அழிக்காமல் வையுங்கள். உடனே வங்கிக்கு அறிவியுங்கள். பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். உங்கள் வாய் மூடியிருந்தால் அடுத்த தெருவில் இன்னொரு உம்மாவின் காப்பு போகும்.

‘இன்றைக்குள் கட்டினால் பாதி விலை, நாளைக்கு இடம் போய்விடும்’ என்று யார் அவசரப்படுத்தினாலும் ‘விசாரித்துவிட்டுச் சொல்கிறோம்’ என்பதைத் தவிர வேறு பதில் கொடுக்காதீர்கள். நேர்மையான கல்வி நிறுவனம் நீங்கள் விசாரிப்பதை விரும்பும். விசாரிக்க நேரம் தராதவரிடம் உங்கள் பிள்ளையைத் தராதீர்கள்.