கல்லறையில் ஒரு தாய்மொழி வரி

பெல்ஜியம் நாட்டின் மேற்கில் ஈப்பர் என்றொரு பழைய பட்டணம் உண்டு. அதற்கு வடக்கே பூசிங்கே என்னும் கிராமம். சுற்றிவர வயல்களும் புல்வெளிகளும் கமக்காரர் வீடுகளும். அவற்றின் நடுவே 'ஆட்டிலறி வூட்' என்று அழைக்கப்படும் சேமக்காலை இருக்கிறது. முதலாம் உலகப் போரில் இறந்த 1307 பேர் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். அவர்களில் 506 பேர் யாரென்று தெரியாது.

கற்கள் எல்லாம் ஒரே அளவானவை. உயரம் ஏறக்குறைய 81 சென்ரிமீற்றர், அகலம் 38 சென்ரிமீற்றர். அதிகாரிக்குப் பெரிய கல், சிப்பாய்க்குச் சிறிய கல் என்ற பேதம் இல்லை. அந்த வரிசையில் ஒரு கல்லில் 'ஈ. எச். எவன்ஸ், 31 ஜூலை 1917' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. அதன் கீழே வேறொரு மொழியில் ஒரு வரி. அது வேல்ஸ் மொழி. 'தலைமைப் பாவலர் ஹெத் வின்' என்பது அதன் பொருள்.

ஒரு சாதாரண சிப்பாயின் கல்லறைக்கு அந்த வரி எப்படி வந்தது என்பதே இக்கட்டுரை.

மேய்ப்பன் வீட்டு மூத்த பிள்ளை

எலிஸ் ஹம்ஃப்ரி எவன்ஸ் 1887 ஜனவரியில் பிறந்தார். வேல்ஸின் வடக்கே, மலைகள் சூழ்ந்த ட்ரௌஸ்வனித் என்னும் ஊர். பெற்றோருக்கு அங்கே ஒரு மலைக்கமம் இருந்தது. செம்மறி வளர்ப்பே பிழைப்பு. எலிஸ் மூத்த பிள்ளை. பள்ளிப் படிப்பு பதினான்கு வயதுடன் முடிந்தது. அதன் பின் ஆடுகளோடு மலையில்தான் வாழ்க்கை.

ஆனால் அந்த மண்ணில் பாட்டு எழுதுவது படித்தவர்களின் தனிச் சொத்து அல்ல. ஊருக்கு ஊர் கவிதைப் போட்டி நடக்கும். கல் உடைப்பவரும் கமக்காரரும் மேடை ஏறுவார்கள். எமது வெண்பாவைப் போல வேல்ஸ் மொழியிலும் கட்டுப்பாடான மரபு யாப்பு உண்டு. எதுகை, மோனை போன்ற ஒலி ஒழுங்குகள் ஒவ்வொரு அடியிலும் அமைய வேண்டும். சிறந்த பாவலருக்குப் பரிசு பணமல்ல, ஒரு மர நாற்காலி. 1907 இல் பாலா என்ற ஊரில் எலிஸ் தமது முதல் நாற்காலியை வென்றார். 1910 இல் சக பாவலர்கள் அவருக்கு ஹெத் வின் என்ற புனைபெயரைச் சூட்டினார்கள். 'தூய அமைதி' என்று அதனைத் தமிழில் சொல்லலாம்.

தம்பிக்குப் பதிலாக

1914 இல் போர் மூண்டது. ஹெத் வின் போரை வெறுத்தவர். தாமாகப் படையில் சேரவில்லை. 1916 இல் கட்டாய ஆட்சேர்ப்புச் சட்டம் வந்தது. உணவு உற்பத்தி தேவை என்பதால் கமவேலை செய்பவர்களுக்கு ஓரளவு விலக்குக் கிடைத்தது. ஆனாலும் அந்த வீட்டிலிருந்து ஒரு மகன் போயே ஆக வேண்டும் என்ற நிலை வந்தது. அடுத்தவன் தம்பி ரொபர்ட். தம்பியை அனுப்ப மனமின்றி அண்ணனே புறப்பட்டார்.

லிவர்பூலுக்கு அருகே பயிற்சி. 1917 வசந்த காலத்தில் உழவுக்கு ஆட்கள் போதாமல் போகவே, கமக்காரச் சிப்பாய்களுக்கு அரசாங்கம் தற்காலிக விடுப்புக் கொடுத்தது. ஹெத் வின்னும் ஏழு வாரம் வீடு வந்தார். உழவு ஒருபக்கம், அந்த ஆண்டின் தேசியப் போட்டிக்கான நெடும்பாட்டு மறுபக்கம். போட்டித் தலைப்பு 'வீரன்'. விடுப்பு முடிந்தும் அவர் திரும்பவில்லை. இராணுவப் பொலிஸார் வந்து அழைத்துச் சென்றார்கள். எழுதிய தாள்கள் வீட்டிலேயே தங்கிவிட்டன. போன இடத்தில் நினைவிலிருந்து மீண்டும் எழுதி, ஜூலை மாதம் போர்க்களத்திலிருந்து போட்டிக்கு அனுப்பிவைத்தார்.

1917 ஜூலை 31 அதிகாலை ஈப்பர் பகுதியில் பெருந்தாக்குதல் தொடங்கியது. பூசிங்கேக்கு அருகே பில்கெம் மேட்டில் ஷெல் துண்டு பட்டு ஹெத் வின் விழுந்தார். அன்று முற்பகலே உயிர் பிரிந்தது. வயது முப்பது.

மூன்று முறை ஊதிய எக்காளம்

ஐஸ்தெத்வொத் எனப்படும் வேல்ஸ் தேசியக் கலைவிழா அந்த ஆண்டு பேர்க்கன்ஹெட் நகரில் நடந்தது. செப்டெம்பர் 6 ஆம் நாள் நாற்காலிப் பரிசு. வேல்ஸ் மொழி பேசும் பிரித்தானியப் பிரதமர் லோயிட் ஜோர்ஜும் சபையில் இருந்தார். வெற்றி பெற்றவரின் போட்டிப் பெயரைச் சொல்லி எக்காளம் ஊதினார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. இரண்டாம் முறை ஊதினார்கள். மூன்றாம் முறையும் ஊதினார்கள். அதன் பின்பே, பாவலர் ஐந்து வாரங்களுக்கு முன்னர் போரில் இறந்துவிட்டார் என்ற செய்தி சபைக்கு அறிவிக்கப்பட்டது. வெறும் நாற்காலிமீது கறுப்புத் துணி விரித்தார்கள். இன்றும் அதற்குக் 'கறுப்பு நாற்காலி' என்றே பெயர்.

அந்த நாற்காலியைச் செதுக்கியவர் யூஜின் வான்ஃப்ளெட்டெரென். பெல்ஜியத்தின் மெஹெலென் நகரத்தவர்; போருக்குத் தப்பிப் பேர்க்கன்ஹெட்டுக்கு வந்த அகதி. பெல்ஜியத்தை விட்டோடியவர் செதுக்கிய நாற்காலி, பெல்ஜிய மண்ணில் மடிந்தவருக்குப் பரிசாயிற்று.

கல்லும் ஒரு வரியும்

நாற்காலி வீட்டுக்கு வந்தது. பிள்ளையின் உடல் வரவில்லை. போரில் இறந்தவர்களை இறந்த நாட்டிலேயே அடக்கம் செய்வது என்று அன்றைய ஏகாதிபத்தியப் போர்க் கல்லறை ஆணைக்குழு முடிவு செய்திருந்தது. செல்வந்தர் தம் பிள்ளையின் உடலைக் கொண்டுவர, ஏழை அழுதுகொண்டு நிற்கக் கூடாது என்பது அதற்குச் சொன்ன நியாயங்களில் ஒன்று. நியாயந்தான். ஆனால் மலைக்கமத்துத் தாய்க்கு மகனின் குழி எட்டாத தூரத்தில் இருந்தது.

கல்லின் அடியில் குடும்பத்தவர் சில சொற்களைச் சேர்க்க ஆணைக்குழு இடமளித்தது. 66 எழுத்துக்களுக்குள் அடங்க வேண்டும். வேல்ஸ் மக்கள் வேண்டுகோள் விடுத்தார்கள்; எவன்ஸ் என்ற சிப்பாயின் கல்லில் ஹெத் வின் என்ற பாவலரின் பெயர், அவர் பாடிய மொழியிலேயே பொறிக்கப்பட்டது. படை கொடுத்தது ஓர் இலக்கம். அவரது சனங்கள் கொடுத்தது அந்த வரி.

அதே சேமக்காலையில் அயர்லாந்துக் கவிஞர் பிரான்சிஸ் லெட்விட்ஜும் கிடக்கிறார். அவரும் ஏழைக் கிராமத்தவர். கமக் கூலியாகவும் தெரு வேலையாளாகவும் உழைத்தவர். அவர் இறந்ததும் அதே ஜூலை 31 இல்தான்; பூசிங்கேக்கு அருகே தெரு அமைக்கும் வேலையில் இருந்தபோது ஷெல் விழுந்தது.

சொந்த ஊரின் தீர்ப்பு

ட்ரௌஸ்வனித் மக்கள் 1923 இல் தமது தெருவில் ஹெத் வின்னுக்கு வெண்கலச் சிலை எழுப்பினார்கள். திறந்துவைத்தவர் அவரைப் பெற்ற தாய். சிலையில் துவக்கு இல்லை. இராணுவ உடுப்பும் இல்லை. மேய்ப்பனின் உடையில் நிற்கிறார். அவரது வாழ்நாளில் சில மாதங்களே சிப்பாயாக இருந்தார், மிகுதி எல்லாம் எங்கள் பிள்ளையாக இருந்தார் என்று ஊர் சொல்வதுபோல இருக்கிறது அந்தச் சிலை. வீட்டைக் குடும்பத்தவர்கள் பல பத்தாண்டுகள் வருவோருக்குத் திறந்து வைத்திருந்தார்கள். 2012 இல் அதனைத் தேசியப் பூங்கா நிர்வாகம் பொறுப்பேற்றது.

அதே ஆணைக்குழுவின் கற்கள் எமது நாட்டிலும் உண்டு. திருகோணமலையிலிருந்து நிலாவெளிக்குப் போகிறவர்கள் தெருவோரத்தில் இரண்டாம் உலகப் போரின் சேமக்காலையைக் கண்டிருப்பார்கள். கண்டியில் உள்ளதில் பிரித்தானியரோடு ஆபிரிக்கரும் எமது நாட்டவரும் அடங்கியிருக்கிறார்கள். புல் வெட்டி, கல் கழுவி, பெயர் அழியாமல் பராமரிக்கிறார்கள்.

அக்கற்களைக் கடந்து போகும்போது, பிள்ளையின் பெயரைப் பொறிக்க ஒரு கல்லும், போய் அழ ஓர் இடமும் இல்லாத தாய்மார் எமது ஊர்களிலேயே எத்தனை பேர் என்ற எண்ணம் வராமல் இருக்காது. ஹெத் வின்னின் தாய்க்கு ஒரு வரியாவது கிடைத்தது. அந்த அளவாவது ஒவ்வொரு தாய்க்கும் உரியது.